கம்பளி போர்த்திய யானை: காடும் பயமும் பற்றிச் சில குறிப்புகள்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்காவின் லிப்பர்ட் கம்பெனியும் சேர்ந்து 1952-ல் வெளிக்கொணர்ந்த ‘காடு’ படத்துக்கு நம் சினிமா வரலாறுகள் ஒரு வரி ஒதுக்குகின்றன. ஹாலிவுட்டோடு கைகோத்தோம் என்று பெருமைப்பட்டுக்கொள்கிற வரி அது. பயமுறுத்துவதற்கென்று எடுக்கப்பட்ட அந்தப் படம் யாரையும் பயமுறுத்தவில்லை என்கிற எளிய விஷயம் அந்தப் பெருமையில் காணாமல் போய்விடுகிறது. ஏன் பயமுறுத்தவில்லை என்ற கேள்வி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்கு வெறும் சினிமாக் கேள்வியாக இருக்க முடியாது. நான் பேசப்போவது ‘தி ஜங்கிள்’ என்ற அதன் ஆங்கில வடிவத்தைப் பற்றி.

இயக்கியவர் வில்லியம் பெர்க். மலிவான படங்களை நாள் கணக்குப் பார்த்து முடித்துக் கொடுப்பதில் கைதேர்ந்தவர். எழுதியவர் கரோல் யங். டார்ஜான் படங்களில் பழகிய பேனா. ஒளிப்பதிவாளர் கிளைட் டி வின்னா, ‘ட்ரேடர் ஹார்ன்’ படத்துக்காக ஆப்பிரிக்கா போய் வந்தவர். ராட் கேமரான் வேட்டைக்காரர், மேரி விண்ட்ஸர் ஓர் இந்திய இளவரசி, சீஸர் ரோமரோ ராமா சிங். நம் எம்.என். நம்பியாரும் இருக்கிறார். சேலத்துப் பக்கம் டி.ஆர். சுந்தரம்; 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸை ஆரம்பித்துப் படமெடுப்பதை ஓர் ஆலைத் தொழிலின் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர். இரண்டு சிக்கனங்கள் சந்தித்துக்கொண்டதில் பிறந்த படம் என்று இதைச் சொல்லலாம். பிரதி முழுவதும் செப்பியா நிறத்தில் பழுப்பேறிக் கிடக்கிறது.

கதை இதுதான். காட்டு யானைகள் மிரண்டு ஓடி வந்து கிராமங்களை நாசம் செய்கின்றன. எதைக் கண்டு மிரள்கின்றன? முன்பு ஒரு குழுவோடு போய்த் தான் மட்டும் பிழைத்து வந்த வேட்டைக்காரன், உள்ளே உரோமம் அடர்ந்த ஆதிகால யானைகள், மாமத்கள், இருப்பதாகச் சொல்கிறான். யாரும் நம்புவதில்லை. இளவரசியும் ராமா சிங்கும் அவனோடு காட்டுக்குள் போகிறார்கள். பிறகு நடை. இடையில் விலங்குகள். மறுபடியும் நடை. கடைசியில் மாமத்கள் வருகின்றன. அவை நம் யானைகள்தான். உடம்பில் கம்பளி மாதிரி மயிரை ஒட்டிவைத்திருக்கிறார்கள். இந்த உத்தியும் புதிதில்லை. 1940-ன் ‘ஒன் மில்லியன் பி.சி.’யில் யானைக்கு மயிர் போர்த்தியாகிவிட்டது.

படத்தின் தோல்வி முழுவதும் இந்த ஓர் இடத்தில் அடங்கியிருக்கிறது. யானை பயங்கரமானது. மலைப்பாதையில் மூங்கில் முறியும் சத்தம் கேட்டு நின்றவனுக்கு அது தெரியும். அந்த யானையைக் கொண்டுவந்து நிறுத்தி, அது போதாது என்று நினைத்துக் கம்பளி போர்த்தினார்கள். போர்த்தியதும் யானையின் பயங்கரம் போய்விட்டது. மாமத்தின் பயங்கரமும் வந்து சேரவில்லை. வெயிலில் வேஷம் கட்டி நிற்கும் ஒரு பிராணியின் சங்கடம்தான் திரையில் மிஞ்சுகிறது. இரக்கம்கூட வருகிறது. பணம் போதவில்லை என்று சமாதானம் சொல்லலாம். வெறும் யானைக்குச் செலவு இன்னும் குறைவு என்பதை யோசித்தால் அந்தச் சமாதானம் நிற்காது. கோளாறு கண்ணில் இருக்கிறது. யார் பயப்பட வேண்டும் என்பதை இந்தப் படம் தீர்மானித்துவிட்டது: வெளியிலிருந்து வருகிறவன். அங்கேயே இருக்கிறவர்கள் மிதிபடுவதற்கும் மூட்டை தூக்குவதற்கும் ஓடி வந்து செய்தி சொல்வதற்கும் மட்டும் இருக்கிறார்கள். அவர்களுக்கு யானை பழகிய பயம். பழகிய பயம் ஹாலிவுட் கணக்கில் பயத்தில் சேர்த்தி இல்லை.

பெயரிலேயே இது தொடங்குகிறது. ‘ஜாங்கலம்’ என்ற வடசொல் மரங்கள் அடராத வறண்ட நிலத்தைக் குறித்தது. அது இந்தி வழியாக ஆங்கிலத்துக்குப் போய், வெள்ளைக்காரன் வாயில் புதரும் ஈரமும் காய்ச்சலும் புலியும் நிறைந்த இடமாக மாறித் திரும்பி வந்தது. அந்தச் சொல்லுக்கு எதிரே ‘காடு’ என்று தலைப்பு வைத்தது நல்ல தமிழ்தான்; ஆனால் தமிழ்க் காடு வேறு. கரிசக்காடு, முந்திரிக்காடு, ஏலக்காடு, சுடுகாடு. ‘காட்டுக்குப் போயிட்டு வாரேன்’ என்று ஒருத்தி சொன்னால் வேலைக்குப் போகிறாள் என்று பொருள். உழைக்கிற இடமும் கடைசியில் எரிகிற இடமும் நமக்கு ஒரே சொல்லில் இருக்கின்றன. வழி தவறி நுழைந்துவிடும் மர்மப் பிரதேசம் என்ற அர்த்தம் அதற்கு இரண்டாம் பட்சம்தான்.

வெளியாள் காட்டுக்குள் வந்து மாட்டிக்கொள்ளும் கதையை எழுபதுகளில் அமெரிக்கப் படங்களே வேறு தளத்துக்குக் கொண்டுபோயின. ஜான் பூர்மனின் ‘டெலிவரன்ஸ்’ (1972), டோப் ஹூப்பரின் ‘தி டெக்ஸாஸ் செயின்ஸா மாஸகர்’ (1974), வெஸ் கிரேவனின் ‘தி ஹில்ஸ் ஹேவ் ஐஸ்’ (1977). பின்னிரண்டும் சொற்பப் பணத்தில் எடுத்தவை, ஆனாலும் பயமுறுத்துகின்றன. மூன்றிலும் கொடியவர்கள் வாழும் இடத்தைக் கவனித்தால் காரணம் புரியும். முதல் படத்தில், அணை கட்டி மூழ்கடிக்கப்போகும் ஆற்றுப் பள்ளத்தாக்கு. இரண்டாவதில், யந்திரம் வந்ததும் கசாப்பு ஆலையில் வேலை இழந்த குடும்பம். மூன்றாவதில், விமானப்படையின் சோதனைப் பிரதேசத்தை ஒட்டிய பாலை. காட்டுவாசியின் கோரத்துக்குப் பின்னால் பறிகொடுத்த ஒன்று இருக்கிறது. பார்க்கிறவன் உயிருக்குப் பயப்படுகிறான். அடியில், தான் பட்ட கடனுக்கும் பயப்படுகிறான். லிப்பர்ட்டின் மாமத்களிடம் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. அவற்றிடமிருந்து யாரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் அவற்றுக்கு நம்மிடம் கேட்கவும் ஒன்றுமில்லை.

இப்படங்களிலும் நாம் உட்கார்ந்திருப்பது நகரத்திலிருந்து வந்த காரில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போடியில் இருப்பவன் காருக்கு வெளியே நிற்கிறவன். திரையில் சந்தேகத்தோடு பார்க்கப்படும் அந்தப் பெட்ரோல் பங்க் ஆள் அவனுக்கு உறவுக்காரன் மாதிரி. அவன் பயம் எங்கே இருக்கிறது?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இதை வைத்துத் தமிழ்ப் பயப்படங்களைப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அணங்கில் நமக்குக் குறைவே இல்லை. ‘ஆயிரம் ஜென்மங்கள்’ (1978) தொடங்கி இன்று வரை பேய்கள் வரிசையில் நிற்கின்றன. விலங்குக்கு ‘காடு’. கள்வருக்கு ‘ஊமை விழிகள்’ (1986). திரைப்படக் கல்லூரி இளைஞர்கள் எடுத்த அந்தப் படத்தின் பயம் ஊருக்கு ஒதுக்குப்புறமான ஓர் உல்லாச விடுதியில் இருந்தது, அதன் பின்னால் பணமும் செல்வாக்கும் இருந்தன. நான்காவதான ‘இறை’, தனக்கு மேலே இருப்பவன். உரைகாரர்கள் அரசன் முதலானோரைச் சொல்வார்கள். ஏலமலைச் சரிவின் சரித்திரம் பெரும்பாலும் இந்த நான்காவது அச்சத்தின் சரித்திரம். அதைத்தான் நம் பயப்படங்கள் தொடவில்லை.

1886-ல் திருவிதாங்கூர் அரசு எண்ணாயிரம் ஏக்கரை 999 வருஷக் குத்தகைக்குச் சென்னை மாகாணத்துக்கு எழுதிக்கொடுத்தது. 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது பெரியாறு அணை. கட்டிய கூலிகளில் காய்ச்சலிலும் காலராவிலும் போனவர்கள் ஏராளம். பென்னிகுவிக்கின் படம் இன்று கம்பம் பள்ளத்தாக்கில் சாமி படத்தோடு மாட்டப்பட்டிருக்கிறது; செத்தவர்களுக்குப் படம் இல்லை. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. மலையில் விளையும் ஏலக்காய் கீழே இறங்கி, இந்த ஊரில் விலையாகி, வடக்கே போயிற்று. மேலே தோட்டம், கீழே ஆட்கள். 1956-ல் மாநில எல்லை மலை முகட்டில் நின்றதும் ஒரே சரிவு இரண்டு ராஜ்யமானது. இன்றும் விடியுமுன் போடியிலிருந்து ஜீப்புகள் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றன. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். கொள்ளும் அளவுக்கு மேல் ஆட்கள். பனி, மழை. சாயந்திரம் ஏழு மணிக்குள் ஜீப் வராவிட்டால் தெருவில் பேச்சு குறையும். பணம் கட்ட வருகிறவர்களின் கைகளில் ஏலக்காய் வாசனையை முகர்ந்தபடி கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என் போன்றவனுக்குக்கூட அந்த மௌனம் தெரியும்.

குறிஞ்சிப் பாட்டுகளின் இரவுக்குறியில் தோழி எதைச் சொல்லி அஞ்சுகிறாள்? அவள் வீட்டில் இருக்கிறாள், பத்திரமாக. நள்ளிரவில் யானையும் புலியும் திரியும் வழியில், வெள்ளம் புரளும் ஆறு கடந்து அவன் வருகிறானே என்று அஞ்சுகிறாள். தனக்கு நேர்வதைவிட அடுத்தவனுக்கு நேரக்கூடியதைப் பற்றிய பயம். மலை பற்றிய தமிழ் அனுபவத்தின் ஆழமான பயம் இந்த வடிவத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஜீப்புக்காகக் காத்திருக்கும் தெரு அந்தத் தோழியின் தெருதான்.

2011-ல் ஒரு சம்பவம். ‘டாம் 999’ என்று ஓர் ஆங்கிலப் படம், பழைய அணை உடையும் கதை. நவம்பரில் வெளியாகும் தறுவாயில் தமிழக அரசு தடை செய்தது. படமாக அது பலவீனமானது; யார் தூக்கத்தையும் கெடுக்கும் சக்தி அதற்கில்லை. ஆனால் டிசம்பரில் பயம் படத்தைக் கேட்காமலே ரோட்டில் இறங்கியது. அணை உடையும் என்று மேலே இருப்பவர்களுக்குப் பயம். தண்ணீர் நிற்கும் என்று கீழே இருப்பவர்களுக்குப் பயம். இரண்டுக்கும் நடுவில், ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் மிரட்டலுக்கும் அடிக்கும் அஞ்சி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கி வந்தார்கள். கீழே கேரளத்தாரின் கடைகள் தாக்கப்பட்டன. நாலாவது அச்சம் நிஜத்தில் நடமாடிய நாட்கள் அவை. அவற்றைப் பற்றி நல்ல ஒரு படம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணி மலையில் தீ. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காய்ந்த புல்லில் சிக்கினார்கள். பெரும்பாலோர் சென்னை, ஈரோடு, திருப்பூர்க்காரர்கள். சிகிச்சை பலனின்றிப் பின்னால் போனவர்களையும் சேர்த்து 23 பேர் இறந்தார்கள். நகரத்து இளைஞர்கள், தெரியாத மலை, சாயங்காலம்: அமெரிக்கப் படத்தின் ஆரம்பம் அப்படியே இருக்கிறது. பிறகு நடந்ததுதான் அந்தப் படங்களில் வராதது. குரங்கணி ஜனங்கள் இருட்டில் மேலே ஏறிப்போய், வெந்த உடம்புகளைப் போர்வையில் கட்டித் தோளில் சுமந்து இறங்கினார்கள். காட்டுக்குள் இருப்பவன் யார் என்ற கேள்விக்கு அந்த ராத்திரி ஒரு பதில் சொன்னது. நம் திரைக்கதைகளுக்கு அந்தப் பதில் இன்னும் எட்டவில்லை.

அதே வருஷம் ஆகஸ்டில் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ வந்தது. பயப்படம் என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏலக்காய் மூட்டையைச் சுமந்து ரங்கசாமி இறங்கிவரும்போது அது நழுவிச் சரிவில் உருண்டு சிதறும் இடம் இருக்கிறதே, அங்கே மூச்சு நின்றுபோகிறது. பேய் இல்லை, மிருகம் இல்லை, திடுக்கிட வைக்கும் சங்கீதம் இல்லை. ஒரு காணித் துண்டு வாங்கச் சேர்த்த வாழ்க்கை பள்ளத்தில் விழுகிறது. அடுத்தவனுக்காகப் படும் பயம், தோழியின் பயம், சினிமாவில் சாத்தியம் என்று அந்தச் சில விநாடிகள் நிரூபிக்கின்றன.

கடைசியாக யானைக்கே வருவோம். சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்று பெயரெடுத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27 காலை அது கம்பத்துத் தெருக்களில் நடந்தது. 144 போட்டார்கள். அதன் எதிரில் அகப்பட்டுக் காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். ஜூன் 5-ல் மறுபடியும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஒன்பது நாளும் பள்ளத்தாக்கு பயந்தது. பயத்தோடு சேர்ந்து, அதன் காடு எங்கே போயிற்று, அதற்கு அரிசி ருசி யார் காட்டினார்கள் என்ற பேச்சும் டீக்கடைகளில் நடந்தது. எடுத்துக்கொண்ட ஒன்றைக் கேட்க வந்த மிருகம் அது. அதற்குக் கம்பளி தேவைப்படவில்லை.

குறைந்த பணத்தில் பயப்படம் எடுக்க நினைக்கும் நம் இளைஞர்களுக்கு இந்தச் சரிவில் பொருள் நிறையக் கிடக்கிறது. வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து அவன் கண்ணால் காட்டைப் பார்க்கும் பழக்கத்தை விட்டால் போதும். இருட்டியபின் வரவேண்டிய ஜீப் வரவில்லை. அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.