கற்சில்லுகள் கூறும் வீட்டுக் கதைகள்

எகிப்து தேசத்துச் சரித்திரம் என்றவுடன் நம் மாணவர்களின் மனக்கண்முன் எழுவன கூர்ங்கோபுரங்களும் பொன்முகமூடி அணிந்த மன்னர்களுமே. பாடநூல்களும் பெரும்பாலும் அவ்வளவில் நின்றுவிடுகின்றன. அம்மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் யாவர்? காலையில் வேலைக்குப் புறப்படும்பொழுது அவர்கள் மனத்தை அரித்த கவலைகள் எவை? இவ்வினாக்களுக்கு விடை தரக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

நைல் நதியின் மேற்குக் கரையிலே, லக்ஸர் நகருக்கு எதிர்ப்புறத்தில், வறண்ட குன்றுகளின் இடையே டெயிர் எல் மதீனா என்னும் பழைய ஊரின் சிதைவுகள் உள்ளன. மன்னர் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்து ஓவியந் தீட்டிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தன. மதிலுக்குள் ஏறத்தாழ 68 வீடுகள். சுவரோடு சுவர் ஒட்டியவை. அயல்வீட்டார் தும்மினாலும் கேட்கும். ஊருக்குள் நீரில்லை, கீழே சமவெளியிலிருந்து சுமந்து வரவேண்டும். 1922 முதல் 1951 வரை பேர்னார் புரூயேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் இவ்விடத்தை அகழ்ந்தார். எழுத்துப் பொறித்த சுண்ணக்கற் சில்லுகளும் பானையோடுகளும் ஆயிரக்கணக்கிற் கிடைத்தன. பப்பிரசுத் தாள் விலையுயர்ந்தது. கற்சில்லோ காலடியிற் கிடப்பது. எனவே அற்ப விடயமெல்லாம் கல்லில் ஏறிற்று. அற்ப விடயங்கள் நமக்கு எஞ்சியதும் அதனாலேயே.

இவற்றுள் ஒரு கல் இன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது. இரண்டாம் ராம்சேசு மன்னனின் ஆட்சியில் 40ஆம் ஆண்டுக்குரிய வரவு இடாப்பு அது. வயது ஏறக்குறைய 3,250 ஆண்டுகள். சுமார் 40 தொழிலாளரின் பெயர்களும், வேலைக்கு வராத நாட்களும் கருமையினாலும், வராமைக்குக் காரணம் அந்நாட்களுக்கு மேலே செம்மையினாலும் எழுதப்பட்டுள்ளன. ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவனுக்குக் கண்நோய், கல்தூசியிலும் விளக்கு வெளிச்சத்திலும் உழைப்பவனுக்கு அது வியப்பன்று. ஒருவன் உறவினர் உடலை அடக்கத்துக்கு ஆயத்தஞ் செய்யப் போயிருக்கிறான். இன்னொருவன் வீடு கட்டுகிறான். மற்றொருவன் பியர் மது காய்ச்சுகிறான். மனைவியோ மகளோ வீட்டுக்கு விலக்காயிருந்த நாட்களும் காரணமாகக் குறிக்கப்பட்டுள்ளன. மருந்து தெரிந்த ஒருவன் பிறருக்கு மருந்து செய்யச் சென்றே பல நாட்களைக் கழித்திருக்கிறான். மேலதிகாரியின் சொந்த வேலைக்குப் போனவர்களும் உளர். அதனையும் எழுத்தன் மறைக்காது எழுதி வைத்தான்.

வரவு இடாப்போடு பல ஆண்டுகள் காலங்கழித்தவன் என்ற முறையில் இவ்வெழுத்தன்மீது எனக்குத் தனி மதிப்புண்டு. நமக்கு வரும் லீவுக் கடிதங்களில் 'தவிர்க்கமுடியாத காரணம்' என்ற ஒரே தொடர்தான் எப்பொழுதும் காணப்படும். அவனோ தேளென்றால் தேள், கண்ணென்றால் கண் என்று எழுதினான். வேலைக்காரனுக்கும் வீடொன்று உண்டு என்பதை அந்த இடாப்பு ஒப்புக்கொள்கிறது. பிற்காலத்து நிருவாகங்கள் பலவற்றில் இதனைக் காண்பது அரிது.

தேள்கடி ஓரிரு நாளில் ஆறிவிடும். கூலி தாமதித்தால் அடுப்பெரியாது. இவர்களுக்குச் சம்பளம் கோதுமையும் வாற்கோதுமையுமாக மாதந்தோறும் அளக்கப்பட்டது. மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆண்டில், சுமார் கி.மு. 1157 அளவில், மாதம் பிறந்து பதினெட்டு நாளாகியும் தானியம் வரவில்லை. தொழிலாளர் கருவிகளை வைத்துவிட்டுக் காவற் சுவர்களைக் கடந்து வந்து ஒரு கோயிலின் பின்புறத்தில் அமர்ந்துகொண்டனர். பசியும் தாகமும் தங்களை இங்கே கொணர்ந்தன என்றும், துணி, எண்ணெய், மீன், மரக்கறி எதுவுமில்லை என்றும், இதனை மன்னனுக்கு எழுதுமாறும் அதிகாரிகளிடம் கூறினர். பழைய நிலுவை கொடுக்கப்பட்டது. பின்னர் மீண்டும் தாமதம், மீண்டும் மறியல். இச்செய்தியைக் கூறும் பப்பிரசு இத்தாலியிலுள்ள தூரின் நகர நூதனசாலையில் இருக்கின்றது. எழுத்திற் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே என்பர் அறிஞர்.

சிறு வழக்குகளுக்கும் குறைவில்லை. மென்னா என்பவன் காவற்றலைவன் ஒருவனுக்குக் கொழுப்பு நிறைந்த பானையொன்றைக் கடனாக விற்றான். வாற்கோதுமையாகத் தருகிறேன் என்று கூறி வாங்கியவன் தரவில்லை. மூன்று முறை மன்றில் முறையிட்டும் பயனில்லை. ஆண்டுகள் பல உருண்டன. கடன்பட்டவன் காவலதிகாரியாயிருந்தால் வேறெப்படி முடியும்?

ஆயினும், இவ்வூர் ஆவணங்களுள் நெஞ்சைத் தொடுவது ஒரு தாயின் மரணசாசனமே. ஐந்தாம் ராம்சேசின் 3ஆம் ஆண்டில் நவுநக்தே என்னும் மூதாட்டி ஊர்மன்றின் முன் நின்றாள். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து, ஒவ்வொருவருக்கும் வழக்கப்படி வீட்டுச் சாமான் கொடுத்து வாழவைத்ததாகவும், தான் முதுமையடைந்தபின் அவர்களிற் சிலர் தன்னைக் கவனிப்பதில்லை என்றும் கூறினாள். கைகொடுத்தவனுக்குத் தன் சொத்தைக் கொடுப்பாள், கொடாதவனுக்குக் கொடாள். அழுகையில்லை, சாபமில்லை, பெயர் பெயராகக் கணக்குத்தான். குடும்பச் சொத்தில் தனக்குரிய மூன்றிலொரு பங்கிலிருந்து நால்வரை விலக்கினாள். தந்தையின் பங்கில் அவர்களுக்குள்ள உரிமையை அவள் தொடவில்லை. அது அவள் கையிலும் இல்லை. தன்னை நன்கு பராமரித்த ஒரு மகனுக்கு மட்டும், மற்றையோருக்கு மேலதிகமாக, கைகால் கழுவும் வெண்கலக் கிண்ணமொன்றைக் கொடுத்தாள்.

ஏறத்தாழ ஓராண்டின் பின் அவளுடைய கணவனும் பிள்ளைகளும் மன்றுக்கு மறுபடி வந்தனர். நவுநக்தே எழுதுவித்தபடியே யாவும் நிற்கட்டும் என்று அவர்கள் உறுதி கூறினர். எழுத்தன் அதனையும் அத்தாளின் இறுதியிற் சேர்த்து எழுதினான்.