பெதஸ்தா: உங்க ரிப்போர்ட்டில் இருக்கும் குளம்

தைராய்டு கட்டியில் ஊசி வெச்சு செல் எடுத்து டெஸ்ட் பண்ணினவங்க வீட்டில் இருந்தா, அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க. "பெத்தெஸ்டா 2", "பெத்தெஸ்டா 4" அப்படின்னு ஒரு வரி இருக்கும்.

வரலாற்றுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அந்த நம்பர் புற்றுநோயின் ஸ்டேஜ் கிடையாது. 4ன்னு பார்த்ததும் நாலாவது ஸ்டேஜ்னு நினைச்சு அழுதுகிட்டே ஓபிக்கு வர்றவங்க உண்டு. 1னா எடுத்த செல் போதலை, திரும்ப எடுக்கணும். 2னா சாதாரணக் கட்டி. 6னா புற்றுநோய். நடுவில் இருக்கிற 3, 4, 5 எல்லாம் சந்தேகத்தின் அளவுதான்.

சரி, யாரு இந்த பெத்தெஸ்டா? கண்டுபிடிச்ச டாக்டரா?

ஆள் இல்லைங்க, ஊர். அமெரிக்காவில் வாஷிங்டன் பக்கத்தில் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கு. அந்த நாட்டின் தேசிய சுகாதார நிறுவனம் அங்கேதான். கர்ப்பப்பை வாய் பரிசோதனை ரிப்போர்ட்டை எல்லாரும் ஒரே மாதிரி எழுதணும்னு 1988இல் அங்கே கூடி முடிவு பண்ணினாங்க. தைராய்டுக்கு 2007இல் கூடினாங்க. ஊர்ப் பெயர் அப்படியே ஒட்டிக்கிச்சு.

அந்த ஊருக்குப் பெயர் வந்தது 1820இல் கட்டின ஒரு சர்ச்சில் இருந்து. சர்ச்சுக்கு வந்தது பைபிளில் இருந்து. யோவான் 5ஆம் அதிகாரம். தமிழ் பைபிளில் "பெதஸ்தா"ன்னு இருக்கும். ஆம்பூர் பெதஸ்தா ஆஸ்பத்திரி தெரியும்ல? அதே பெயர்தான்.

ஜெருசலேமில் ஐந்து மண்டபம் உள்ள ஒரு குளம். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குறவருக்கு நோய் குணமாகும்னு நம்பிக்கை. 38 வருஷமா நோயில் படுத்திருக்கிற ஒருத்தர் அங்கே இருக்கார். அவர் இயேசுகிட்ட சொல்ற குறை என்னன்னா, தன்னைத் தூக்கிக் குளத்தில் விட ஆள் இல்லை. தான் போறதுக்குள்ள வேற ஒருத்தர் இறங்கிடறார். அட்டெண்டர் இல்லாம வார்டில் கிடக்கிற நோயாளியைப் பார்த்தவங்களுக்கு இந்த இடம் சட்டுன்னு புரியும்.

இப்போ பெயருக்கு வருவோம். "பெத்" என்றால் வீடு, அதில் சண்டை இல்லை. பெத்லகேமில் இருப்பதும் அதே "பெத்"தான். மீதிதான் சிக்கல்.

எல்லாரும் சொல்ற அர்த்தம் "இரக்கத்தின் வீடு". எபிரேயத்தில் ஹெசெத், அரமேயத்தில் ஹிஸ்தா என்றால் கருணை. ஆஸ்பத்திரிகளும் சர்ச்சுகளும் இந்தப் பெயரை விரும்பி வைப்பது இதனால்தான். (அபூர்வமா அதே ஹெசெத்துக்கு "அவமானம்"னும் அர்த்தம் உண்டு. அதை யாரும் போர்டில் எழுத மாட்டாங்க.)

ஆனா 1952இல் சாக்கடல் ஓரம் கும்ரான் குகையில் ஒரு செம்புச் சுருள் கிடைச்சுது. புதையல் ஒளிச்சு வெச்ச இடங்களின் பட்டியல். அதில் ஒரு குளத்தின் பெயரை "பெத் எஷ்தாத்தாயின்"னு சில அறிஞர்கள் படிச்சாங்க. "எஷ்த்" என்றால் கொட்டுதல், பாய்தல். கடைசியில் வர்ற "ஆயின்" இரண்டைக் குறிக்கும் விகுதி. ஆக, இரண்டு நீர்ப்பாய்ச்சல்களின் வீடு. அந்த எழுத்துகளை வேற மாதிரி படிக்கிறவங்களும் இருக்காங்க.

ஏன் இவ்வளவு குழப்பம்? யோவான் எழுதப்பட்டது கிரேக்கத்தில். எபிரேயத்தின் தொண்டை ஒலி "ஹ"வுக்கும் "ஷ"வுக்கும் கிரேக்கத்தில் எழுத்து இல்லை. ஹிஸ்தாவும் எஷ்தாவும் அங்கே போனா கிட்டத்தட்ட ஒண்ணாயிடும். தமிழில் செய்த பாவமும், நடனத்தில் வர்ற பாவமும் ஒரே எழுத்தில் நிக்குதே, அந்த மாதிரி. போதாததுக்குப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் சிலதில் பெத்சாதா, சிலதில் பெத்சாயிதான்னு இருக்கு.

ஐந்து மண்டபம் என்பதே கற்பனை, மோசேயின் ஐந்து நூல்களுக்கான உருவகம்னு சொன்ன அறிஞர்களும் இருந்தாங்க. ஜெருசலேமில் புனித அன்னாள் சர்ச் பக்கத்தில் தோண்டினப்போ கிடைச்சது ஒரு குளம் இல்லை, இரண்டு. நடுவில் தடுப்புச் சுவர். தெற்குக் குளத்தின் ஆழம் சுமார் 13 மீட்டர். நாலு பக்கமும் நாலு மண்டபம், நடுச் சுவர் மேல ஒண்ணு. கணக்கு சரியா வருது.

இரண்டு குளம்னு தெரிஞ்ச பிறகு, எனக்கு "இரண்டு பாய்ச்சல்" பக்கம்தான் மனசு சாயுது. தண்ணீரை வெச்சு இடத்துக்குப் பெயர் வைப்பதுதான் மனுஷங்க வழக்கம். இரக்கம்னு அர்த்தம் பார்த்தது பின்னாடி வந்தவங்களா இருக்கலாம்.

1820இல் மேரிலாந்தில் சர்ச் கட்டினவங்களுக்கு இது எதுவும் தெரிய வாய்ப்பில்லை. அந்தக் காலத்தில் ஜெருசலேமில் பெதஸ்தான்னு காட்டினது கொஞ்சம் தள்ளி இருந்த வேற ஒரு குளத்தை. பெயர் பிர்கெத் இஸ்ராயீல். அதை 20ஆம் நூற்றாண்டில் மூடிட்டாங்க. மேல இப்போ கார் நிக்குது.