சுவருக்குள் ஒரு காடு: கிண்டி தேசியப் பூங்காவின் வரலாறு

சென்னையில் தரமணிக்கு வடமேற்கே, ஐ.ஐ.டி. வளாகத்துக்கும் ஆளுநர் மாளிகைக்கும் இடையே கிண்டி தேசியப் பூங்கா அமைந்துள்ளது. இதன் பரப்பு 270.57 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். மாநகருக்குள்ளேயே தேசியப் பூங்கா அமைந்த ஊர்கள் இந்தியாவில் மிகச் சில. அவற்றுள் மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா 100 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்புடையது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிண்டிக் காடு ஒரு பெரிய தோப்பு அளவே இருக்கும். ஆனாலும் வெளிமான், புள்ளிமான், நரி, மரநாய், முள்ளெலி, நட்சத்திர ஆமை ஆகியவை இங்கே வாழ்ந்துவருகின்றன. 350-க்கு மேற்பட்ட தாவர வகைகளும் 130-க்கு மேற்பட்ட பறவை வகைகளும் பதிவாகியுள்ளன. தொடக்கத்தில் இந்தக் காட்டைக் காத்தது ஆளுநரின் தோட்ட எல்லை. காப்புச் சட்டம் வந்து சேர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

காட்டின் இயல்பு

சோழமண்டலக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு என்னும் வகையைச் சேர்ந்தது கிண்டி. இக்கரைக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்றால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கிறது. பிறகு ஆறேழு மாதங்கள் வெயிலும் கடற்காற்றும்தான். இந்தக் கடுமையைத் தாங்கும் மரங்களும் புதர்களும் உயரமாக வளர்வதில்லை. அவற்றின் இலைகள் சிறியவை, தடித்தவை. கோடையிலும் பெரும்பாலானவை இலையை முற்றாக உதிர்ப்பதில்லை.

கிண்டியில் களா, காரை, கொஞ்சி, காட்டெலுமிச்சை முதலிய புதர்கள் நெருங்கி வளர்ந்துள்ளன. இடையிடையே வேம்பும் பனையும் நிற்கின்றன. மேற்பகுதி தட்டையாக விரிந்து குடைபோல் நிற்கும் உடைமரம் திறந்த வெளிகளுக்கு அடையாளம். போலோ மைதானம் என்று இன்றும் அழைக்கப்படும் புல்வெளி, ஆளுநர்கள் குதிரையேறிப் பந்தாடிய காலத்தை நினைவூட்டும் பெயர். காத்தான் கொல்லை, அப்பளான் குளம் ஆகிய இரு பெரிய நீர்நிலைகளும், வாத்துக் குளம் உள்ளிட்ட சிறு குட்டைகளும் மழைநீரைத் தேக்குகின்றன. கொல்லை என்ற பெயர், அவ்விடத்தில் ஒரு காலத்தில் புன்செய்ப் பயிர் விளைந்திருக்கலாம் என்று எண்ண வைக்கிறது.

இந்த வகைக் காடு ஒருகாலத்தில் கரையோரம் நெடுகப் பரவியிருந்தது. உழவும் விறகுவெட்டும் ஊர்ப்பெருக்கமும் அதைத் துண்டாடின. இன்று அது கோயில் காடுகளிலும், கோடியக்கரை, ஸ்ரீஹரிக்கோட்டா போன்ற சில இடங்களிலுமே எஞ்சியிருக்கிறது.

ஆளுநரின் தோட்டம்

கிண்டியின் எழுதப்பட்ட வரலாறு 1670-களில் தொடங்குகிறது. 1672 முதல் 1678 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராயிருந்த வில்லியம் லாங்ஹார்ன், பரங்கிமலைக்கு அருகே இக்காட்டின் ஒரு பகுதியைத் திருத்தித் தோட்டமாக்கினார். அங்கே கிண்டி லாட்ஜ் என்ற வீட்டையும் கட்டினார். கோட்டையின் நெரிசலிலிருந்தும் கடலோர வெக்கையிலிருந்தும் விலகி ஓய்வெடுக்கும் தோட்ட வீடாக அது பயன்பட்டது. எஞ்சிய காடு வேட்டைக்கு உதவியது.

பிறகு பலர் கைமாறிய இந்நிலத்தை 1821-இல் அரசு 35,000 ரூபாய்க்குத் தனியாரிடமிருந்து வாங்கியது. அப்போது ஆளுநராயிருந்தவர் தாமஸ் மன்றோ. அதுமுதல் கிண்டி ஆளுநரின் புறநகர் மாளிகையானது. காவலாளிகளும் வேலியும் வந்தபின் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் ஊரார் அதனுள் நுழைவது அரிதாயிற்று. அதே காலத்தில் சுற்றியிருந்த காடுகள் விளைநிலமாகவும் குடியிருப்பாகவும் மாறின. கிண்டி தப்பியது.

1882-இல் சென்னை மாகாண வனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. காட்டை அரசு எல்லை கட்டி, அதில் பிறருக்குள்ள உரிமைகளை விசாரித்து, காப்புக்காடாக அறிவிக்க அச்சட்டம் வழிசெய்தது. அந்த முறையில் கிண்டியின் 505 ஹெக்டேர் நிலம் 1910-இல் காப்புக்காடானது. விடுதலைக்குப் பின் ஆளுநரின் நிலையான இருப்பிடமும் கிண்டிக்கு வந்தது. அதுவே இன்றைய ஆளுநர் மாளிகை.

1948 முதல் 1952 வரை சென்னை ஆளுநராயிருந்த பாவ்நகர் அரசர் கிருஷ்ணகுமார்சிங்ஜி, வெண்ணிற ஆண் வெளிமான்கள் இரண்டைக் கிண்டியில் விட்டதாகப் பூங்கா வரலாறு கூறுகிறது. அவருடைய சொந்த அரசான பாவ்நகரில் வேலாவதர் என்ற புல்வெளி இருந்தது. பழக்கிய சிவிங்கிகளை ஏவி வெளிமான் வேட்டையாடுவதற்கென்றே அரச குடும்பம் அதை ஒதுக்கி வைத்திருந்தது. அந்தப் புல்வெளி 1976-இல் வெளிமான் தேசியப் பூங்காவானது. வேட்டைக்கென்று ஒதுக்கிய நிலம் பின்னாளில் தேசியப் பூங்காவானது இரண்டு இடத்துக்கும் பொது.

நிலம் பிரிந்த காலம்

விடுதலைக்குப் பிறகு ஆளுநருக்கு இவ்வளவு பெரிய தோட்டம் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. நகரமோ கல்விக்கூடங்களுக்கும் நினைவிடங்களுக்கும் இடம் தேடிக்கொண்டிருந்தது. 1956-இல் காந்தி மண்டபம் எழுந்தது. 1958-இல் காட்டின் ஒரு பகுதி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்காக (ஐ.ஐ.டி.) ஒன்றியக் கல்வி அமைச்சகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் அந்நிறுவனம் தொடங்கியது. இன்று அதன் வளாகம் ஏறத்தாழ 250 ஹெக்டேர். கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் இடையே மரங்கள் பெருமளவு விடப்பட்டதால், தரமணிப் பக்கத்து வாயிலில் நுழைந்தவுடனேயே இன்றும் புள்ளிமான்களைப் பார்க்க முடிகிறது.

அதே 1958-இல் பிரதமர் ஜவாஹர்லால் நேருவின் விருப்பப்படி இன்னொரு பகுதி வனத்துறைக்கு மாற்றப்பட்டு, மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் அமைந்தன. மக்கள் சீட்டு வாங்கி உள்ளே வருவது இதிலிருந்து தொடங்கிற்று. 1961-க்கும் 1977-க்கும் இடையில், பெரும்பாலும் ஆளுநர் மாளிகை நிலத்திலிருந்து, சுமார் 172 ஹெக்டேர் பல அரசுத் துறைகளுக்குப் போனது. ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களும் எழுபதுகளின் நடுவில் இவ்வாறே எழுந்தன.

இதே காலத்தில் தெற்கே தரமணியும் மாறிற்று. மத்தியத் தொழில்நுட்பப் பயிலகமும், திரைப்படப் பயிற்சி நிறுவனமும், கணித அறிவியல் நிறுவனமும், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், வி.எச்.எஸ். மருத்துவமனையும் அடுத்தடுத்து அமைந்து தரமணியைக் கல்விக்கூடங்களின் வட்டாரமாக்கின. 2000-இல் டைடல் தகவல்தொழில்நுட்பப் பூங்கா திறந்தபின் கணினி நிறுவனங்களும் சேர்ந்தன. நாற்புறமும் நகரம் சூழ, கிண்டி ஒரு தீவாயிற்று.

பாம்புப் பண்ணை

காட்டின் ஓரத்தில் பொதுமக்களுக்காக அமைந்தவற்றுள் தனிப் பெயர் பெற்றது பாம்புப் பண்ணை. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் 1969-இல் சேலையூரில் தொடங்கிய இப்பண்ணை 1972-இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. இருளர் பழங்குடியினர் பிடித்து வரும் பாம்புகளின் தோல் அக்காலத்தில் பெரும் வணிகப் பொருளாக இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த தடைகளும் அவ்வணிகத்தை நிறுத்தின. பிழைப்பை இழந்த இருளர்களுக்காக விட்டேகரின் முயற்சியால் 1978-இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுவதே அதன் தொழில். அந்த நஞ்சு விஷமுறிவு மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. பண்ணையில் கண்ணாடிக்கு அப்பால் சாரையையும் நாகத்தையும் பார்த்து, எது நஞ்சுள்ளது, எது இல்லாதது என்று சொல்லக் கற்ற பள்ளிப் பிள்ளைகள் சென்னையில் பல தலைமுறையினர்.

தேசியப் பூங்கா

1977-இல் எஞ்சியிருந்த காடு முழுவதும் தமிழ்நாடு வனத்துறையிடம் வந்தது. 1978-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சட்டப்படி சரணாலயத்தைவிடத் தேசியப் பூங்காவுக்குக் கட்டுப்பாடு அதிகம். சரணாலயத்தில் சில உரிமைகளும் மேய்ச்சலும் அனுமதிக்கப்படலாம். தேசியப் பூங்காவிலோ கால்நடை மேய்ச்சலுக்கே இடமில்லை. காட்டின் நலனுக்கு என்றாலொழிய அங்கே ஒரு செடியையும் அகற்ற முடியாது. நிலத்தை அரசுத் துறைகளுக்குப் பங்கிட்டு வந்த வழக்கத்துக்கு இந்த அறிவிப்பு அணையிட்டது. 1978-இலேயே நகரில் சென்னை இயற்கையாளர் சங்கமும் தோன்றியது. பறவை பார்ப்பதும் குறிப்பெடுப்பதும் பலரின் பழக்கமாயின.

1980-களின் இறுதியில் பூங்காவுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் ஐ.ஐ.டி.க்கும் இடையே சுவர்கள் எழுந்தன. ஒரே காடாகக் கிடந்த நிலம் மூன்று தனி வளாகங்களானது. ஆக்கிரமிப்பு நின்றது. ஆனால் அதுவரை தடையின்றித் திரிந்த விலங்குகளும் மூன்று கூட்டங்களாகப் பிரிந்தன. வெளியிலிருந்து புது இரத்தம் சேராத சிறு மந்தைகளில் நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் நிகழ்வது தவிர்க்க முடியாதது. நோயோ வறட்சியோ வந்தால் அவற்றுக்கு வேறிடம் போகவும் வழியில்லை. எனவே இயற்கை செய்யவேண்டிய பல வேலைகள் வனத்துறையின் பொறுப்பாயின.

வெளிமானும் புள்ளிமானும்

நிர்வாகத்தின் கடினமான கணக்கு இரண்டு மான்களைப் பற்றியது. வெளிமானை இரலை என்றும் புல்வாய் என்றும் பழந்தமிழ் குறிக்கும். சங்க நூல்களில் அது முல்லை நிலத்து விலங்கு. ஆண்மான் கருத்த முதுகும் வெளுத்த வயிறும் முறுக்கிய கொம்பும் உடையது. அது தனக்கென ஒரு வட்டாரம் பிடித்து, அதன் எல்லையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கையிட்டுக் குவியலாக்கும். ஆபத்து வந்தால் ஒளியாது, ஓடும். அதற்குத் தொலைவு தெரியும் வெட்டவெளி வேண்டும்.

புள்ளிமான் இதற்கு நேர்மாறு. அதற்குப் புதர் நிழலே புகலிடம். புல்லும் தின்னும், தழையும் தின்னும். பின்னங்கால்களில் எழுந்து நின்று கிளையையும் எட்டும். எதையும் தின்று பெருகக்கூடியது. கிண்டியில் அது பெரும்பாலும் 1945-க்குப் பின் கொண்டுவந்து விடப்பட்டதாகவே கருதப்படுகிறது.

மேய்ச்சலும் விறகுவெட்டும் நின்றதும் புதர் அடர்ந்து புல்வெளிக்குள் பரவியது. அயல் செடிகளான சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும் அதற்குத் துணைபோயின. புதர் பெருகினால் புள்ளிமானுக்கு ஆதாயம், வெளிமானுக்கு இழப்பு. கிண்டியின் இவ்விரு மான்களின் சூழலியலையும் பராமரிப்பையும் பற்றி ஷங்கர் ராமன், மேனன், சுகுமார் ஆகியோர் எழுதிய ஆய்வு 1996-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியானது. போலோ மைதானம் போன்ற வெளிகளைப் புதர் மூடாமல் வைத்திருப்பது, அயல் செடிகளைக் களைவது, கோடையில் தொட்டிகளில் நீர் நிரப்புவது ஆகியவை பூங்காவின் ஆண்டு வேலைகள். காட்டை அப்படியே விட்டுவிட்டால் காடு இருக்கும், வெளிமான் இராது.

2016 டிசம்பர் 12-இல் வீசிய வர்தா புயல் பூங்காவிலும் ஐ.ஐ.டி. வளாகத்திலும் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. நகரெங்கும் வேர் ஆழமில்லாத அயல் மரங்கள் எளிதில் விழுந்தன. மண்ணுக்குரிய மரங்களையே நடவேண்டும் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

ஓரமும் உள்ளும்

இன்று கிண்டி இரு பாகமாக நிர்வகிக்கப்படுகிறது. சர்தார் படேல் சாலையை ஒட்டிய ஓரம் மக்களுக்கு உரியது. பாம்புப் பண்ணையும் சிறுவர் பூங்காவும் அங்கே உள்ளன. சிறுவர் பூங்கா புதுப்பிக்கப்பட்டு 2024-இல் மீண்டும் திறக்கப்பட்டது. குடும்பத்தோடு வருவோரின் கூட்டம், தின்பண்டம், கூச்சல் எல்லாம் அந்த ஓரத்தோடு நின்றுவிடுகின்றன. உள்காடு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படவில்லை. மாணவர்களும் இயற்கை ஆர்வலர்களும் வனத்துறையின் அனுமதி பெற்று, சிறு குழுக்களாக, வழிகாட்டியுடன் நடந்து செல்கின்றனர்.

இப்பிரிவினைக்குக் காரணம் இடத்தின் அளவே. நூறு சதுர கிலோமீட்டர் காட்டில் பாதை போட்டாலும் விலங்குகள் ஒதுங்கிக்கொள்ள இடமுண்டு. 2.7 சதுர கிலோமீட்டரில் நடுவே ஒரு நடைபாதை போட்டால், ஆளரவம் எட்டாத மூலை அநேகமாக மிஞ்சாது. உள்ளே போக முடியாதவர்களுக்கும் இக்காட்டால் பயன் உண்டு. மழைநீர் அதன் மண்ணில் இறங்கி நிலத்தடியைச் சேர்கிறது. கோடையில் அதன் நிழல் அக்கம்பக்கத்து வெப்பத்தைத் தணிக்கிறது. இரண்டையும் காட்டின் மண்ணும் மரமும் தாமே செய்துவருகின்றன. அவற்றைப் பெற அடையாற்றிலோ வேளச்சேரியிலோ தரமணியிலோ இருப்பவர் சுவரைத் தாண்ட வேண்டியதில்லை.