பூச்சியை நெருங்கும் வழி: ஒரு சிகிச்சையின் முந்நூறு ஆண்டுகள்

ஓவியர் சல்வடோர் டாலிக்குச் சிறு வயதிலிருந்தே வெட்டுக்கிளி என்றால் உயிரே போய்விடும். கூடப் படித்த பையன்களுக்கு இது தெரிந்துபோக, வெட்டுக்கிளியைப் பிடித்து அவர்மேல் எறிவது அவர்களுக்கு வாடிக்கையாயிற்று. டாலி ஒரு தந்திரம் செய்தார். காகிதத்தை மடித்துச் செய்த பறவையைக் கண்டால் வெட்டுக்கிளியைவிட அதிகம் நடுங்குவதாக நடித்தார். பையன்கள் ஏமாந்தார்கள், வெட்டுக்கிளியை விட்டுவிட்டுக் காகிதப் பறவையை எறியத் தொடங்கினார்கள். 1942-இல் வெளியான தன்வரலாற்றில் டாலியே இதை எழுதியிருக்கிறார்.

இத்தனை சாமர்த்தியம் உள்ளவருக்கு வெட்டுக்கிளி கடித்துக் கொன்றுவிடாது என்பது தெரியாதா? தெரியும். தெரிந்தும் பயன் இல்லை என்பதுதான் இந்தப் பயத்தின் இலக்கணம். அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தில் வெட்டுக்கிளிகளையே ஆராய்ந்துவந்த பூச்சியியலாளர் ஜெஃப்ரி லாக்வுட், ஒருநாள் களப்பணியின்போது ஓர் ஓடைப் பள்ளத்தில் வெட்டுக்கிளிக் கூட்டத்தின் நடுவே சிக்கிப் பீதியில் ஓடினார். அதன்பின் தன் தொழிலையே அச்சத்தோடு செய்ய வேண்டியதாயிற்று. அந்த அனுபவத்திலிருந்து கிளைத்து 2013-இல் வெளிவந்தது அவருடைய ‘தி இன்ஃபெஸ்டட் மைண்ட்’ என்ற நூல்.

பூச்சிப் பயத்தை மருத்துவ உலகம் எப்படிப் புரிந்துகொண்டது, எப்படிக் கையாண்டது என்று பின்னோக்கிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தென்படுகிறது. பயம் ஏன் வருகிறது என்பதற்கான விளக்கங்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கின்றன. பழைய விளக்கத்தைப் புதியது தூக்கியெறிந்திருக்கிறது. ஆனால் பயத்தைத் தணிக்கும் வழி விளக்கங்கள் எல்லாவற்றுக்கும் முந்தியது. பெரிதாக மாறாமல் இன்றுவரை வந்திருப்பதும் அதுதான்.

லாக்கின் தவளை

ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1693-இல் குழந்தைக் கல்வி பற்றி ஒரு நூல் எழுதினார். தவளையைக் கண்டு அலறி ஓடும் குழந்தையை என்ன செய்வது என்று அதில் ஓரிடத்தில் சொல்கிறார். வேறொருவர் தவளையைப் பிடித்துத் தள்ளி வைக்கட்டும். குழந்தை முதலில் பார்த்துப் பழகட்டும். பிறகு கொஞ்சம் கிட்டே வந்து, அது குதிப்பதைக் கலங்காமல் பார்க்கட்டும். அடுத்து, மற்றவர் கையில் இறுகப் பிடித்திருக்கும்போது லேசாகத் தொட்டுப் பார்க்கட்டும். இப்படியே போனால் பட்டாம்பூச்சியைப் பிடிப்பதுபோல் தவளையையும் பிடித்துவிடும் என்பது அவர் கணக்கு. சோதனைச்சாலையும் புள்ளிவிவரமும் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட இந்த யோசனையில், இன்றைய சிகிச்சையின் படிகள் பெரும்பாலும் அடங்கிவிட்டன.

ஆனால் அடுத்த இரு நூற்றாண்டுகளில் யாரும் அதை மருத்துவமாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பகுதியில் அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ், பயங்களை வகை பிரித்துப் பாதி கேலியாக ஒரு கட்டுரை எழுதினார். எலிப் பயம், பேய்ப் பயம், டாக்டர் பயம் என்ற வரிசையில் பூச்சிப் பயத்துக்கும் இடம் கிடைத்தது; பெண்களுக்கே உரியது என்ற முத்திரையும் கூடவே விழுந்தது. 1897-இல் உளவியலாளர் ஜி. ஸ்டான்லி ஹால் 1,701 பேரிடமிருந்து 6,456 அச்சங்களைத் திரட்டி வெளியிட்டார். இவற்றில் பல, மனிதனின் தொல்மூதாதையர் வாழ்வின் எச்சம் என்பது அவர் எண்ணம். பட்டியல் நீண்டதே தவிர, பயந்தவர்களுக்கு வழி பிறக்கவில்லை.

ஆல்பர்ட்டும் பீட்டரும்

1909-இல் சிக்மண்ட் ஃபிராய்ட், குதிரைக்குப் பயந்த ஹான்ஸ் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். குதிரை வெறும் வேடம், உள்ளே இருப்பது தந்தையைப் பற்றிய அச்சம் என்றது அவர் விளக்கம். அப்படியானால் கரப்பானுக்குப் பயப்படுபவர் கரப்பானைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அது எதன் சின்னம் என்று தோண்ட வேண்டும்.

இதை ஜான் வாட்சன் ஏற்கவில்லை. 1920-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவரும் ரோசலி ரெய்னரும், ‘ஆல்பர்ட்’ என்று குறிக்கப்பட்ட பதினோரு மாதக் குழந்தையின் முன் ஒரு வெள்ளை எலியை விட்டார்கள். குழந்தை அதைத் தொடப்போகும் நேரம் பார்த்து, முதுகுக்குப் பின்னால் உருக்குக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவை இப்படி நடந்தபின் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. பயத்தைச் செயற்கையாக உண்டாக்க முடியும் என்று காட்டியாயிற்று. அந்தப் பயம் நீங்காமலே குழந்தை அங்கிருந்து போனதுதான் கொடுமை.

நீக்கிக் காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ். பீட்டர் என்ற 2 வயது 10 மாதச் சிறுவனுக்கு முயல், எலி, ரோம அங்கி, பஞ்சு எல்லாமே பயம். அவனை உயர நாற்காலியில் உட்காரவைத்துப் பிடித்த தின்பண்டம் கொடுத்துக்கொண்டே, கூண்டில் ஒரு முயலை அறைக்குள் கொண்டுவந்தார் ஜோன்ஸ். முதலில் 12 அடி தூரத்தில் வைத்தார், பிறகு 4 அடி, பிறகு 3 அடி. கூண்டு பக்கத்திலேயே வந்தது. முயல் அறையில் அவிழ்த்துவிடப்பட்டது. நடுவே பீட்டர் காய்ச்சலில் விழுந்ததும், ஒரு பெரிய நாய் அவன்மேல் பாய்ந்ததும் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளின. மறுபடி தொடங்கினார். கடைசியில் முயல் தன் விரல்களைக் கொறிக்க விட்டுக்கொண்டு அவன் சும்மா இருந்தான். 1924-இல் வெளியான இந்த அறிக்கையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டியல் போட்ட மருத்துவர்

திரும்பிப் பார்க்க வைத்தவர் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசஃப் வோல்ப்பே. இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இருந்தபோது, மனம் நொறுங்கி வந்த சிப்பாய்களுக்கு அப்போதைய மருத்துவம் உதவவில்லை என்பதைக் கண்டவர். 1958-இல் வெளிவந்த தன் நூலில் அவர் முன்வைத்த முறை எளியது. எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சியை நோயாளி முதலில் கற்க வேண்டும். பிறகு தன் பயங்களை வரிசைப்படுத்த வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் வழக்கம் பின்னர் வந்தது. கரப்பான் படம் என்றால் 20, பக்கத்து அறையில் இருக்கிறது என்றால் 50, காலில் ஏறிவிட்டது என்றால் 100 என்பதுபோல. உடலைத் தளர்த்திய நிலையில் அடிமட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து மேலேற வேண்டும்.

கற்பனை எதற்கு, நேரிலேயே செய்தால் என்ன என்ற கேள்வி சீக்கிரமே எழுந்தது. 1969-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பாண்டுராவும் சக ஆய்வாளர்களும் பாம்புப் பயம் உள்ளவர்களிடம் பல முறைகளை ஒப்பிட்டார்கள். சிகிச்சையாளர் பாம்பைத் தொட்டுக்காட்டி, பயந்தவரையும் கைபிடித்துத் தொடவைத்த முறையே முந்தியது. கண்ணை மூடிக் கற்பனை செய்தவர்கள் அந்த அளவுக்கு முன்னேறவில்லை.

கரப்பான் ஏன்?

வழி இப்படித் தெளிவாகிக்கொண்டிருக்க, காரணத்தைப் பற்றிய வாதம் ஓயவில்லை. எதை வேண்டுமானாலும் சுத்தியல் சத்தத்தோடு இணைத்துப் பயமாக்கலாம் என்றால், மின்சார பிளக்குக்கும் சமையலறைக் கத்திக்கும் அல்லவா ஊரெல்லாம் நடுங்க வேண்டும்? 1971-இல் மார்ட்டின் செலிக்மன் இந்த ஓட்டையைச் சுட்டினார். பரிணாமத்தில் ஆபத்தாக இருந்தவற்றுக்குப் பயப்பட மனித மூளை முன்கூட்டியே தயாராக இருக்கிறது என்றார். 1980-களின் இறுதியில் சூசன் மினெக்காவும் மைக்கேல் குக்கும் சோதனைச்சாலையில் வளர்ந்த குரங்குகளுக்கு வீடியோ காட்டினார்கள். பொம்மைப் பாம்பைக் கண்டு வேறு குரங்கு மிரளும் காட்சியைப் பார்த்தவை தாங்களும் மிரளக் கற்றன. அதே மிரட்சியைப் பூவோடு ஒட்டிக் காட்டியபோது அவை பூவுக்குப் பயப்படவில்லை.

பாம்புக்கு இது பொருந்தும். கரப்பான் யாரையும் கொன்றதில்லையே! அங்கேதான் அருவருப்பு உள்ளே நுழைகிறது. பால் ரோசினும் சக ஆய்வாளர்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி நீக்கிய செத்த கரப்பானைப் பழச்சாறில் முக்கி எடுத்துவிட்டு அந்தச் சாற்றைக் குடிக்கச் சொன்னார்கள். கிருமி இல்லை என்று தெரிந்தும் பெரும்பாலோருக்கு அது தொண்டைக்குள் இறங்குவதாக இல்லை. பிரிட்டிஷ் உளவியலாளர் கிரஹாம் டேவி 1990-களில் இதை மேலும் விரித்தார். புலியைக் கண்டால் ‘கடித்துவிடும்’ என்ற அச்சம். கரப்பான், சிலந்தி, புழுவைக் கண்டால் ‘மேலே பட்டுவிடும்’ என்ற அச்சம். இரண்டாவது நோய்த்தொற்றிலிருந்து உடலைக் காக்கும் உணர்வோடு தொடர்புள்ளது என்பது அவர் வாதம். உடம்பு கூசுகிறது என்று நாம் சொல்வதும், குளித்தால்தான் சரியாகும் என்று தோன்றுவதும் இதனால்தான்.

1998-இல் டேவியும் பல நாட்டு ஆய்வாளர்களும் ஏழு நாடுகளை ஒப்பிட்டார்கள்: பிரிட்டன், அமெரிக்கா, நெதர்லாந்து, இந்தியா, கொரியா, ஹாங்காங், ஜப்பான். அருவருப்பூட்டும் உயிரினங்கள் மீதான பயம் இந்தியர்களிடம் மற்றவர்களைவிடக் குறைவாகவும் ஜப்பானியரிடம் கூடுதலாகவும் இருந்தது. பூச்சியோடு நமக்குள்ள உறவு பழையது. கபிலர் பாடிய புறநானூற்று 119-ஆம் பாட்டில் செம்புற்று ஈசல் மோரோடு சேர்ந்து உணவாகிறது. முதல் மழைக்குக் கிளம்பும் ஈசலைப் பிடித்து வறுத்து அரிசியோடு தின்பது தமிழகக் கிராமங்களில் இன்றும் உண்டு.

இந்த உறவு நகரத்தில் தேய்கிறது என்பதற்கு ஜப்பானிலிருந்தே சான்று வந்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யூயா ஃபுகானோவும் மசாஷி சோகாவும் 13,000 பேரிடம் இணையவழி ஆய்வு நடத்தி 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நகரவாசிகள் பூச்சியை வயல்வெளியில் பார்ப்பதைவிட வீட்டுக்குள் பார்ப்பது அதிகம். உள்ளே பார்க்கும் பூச்சி கூடுதலாக அருவருப்பூட்டுகிறது. எது எந்தப் பூச்சி என்று அடையாளம் தெரியாமல் போகும்போது, அருவருப்பு எல்லாப் பூச்சிகள் மேலும் பரவுகிறது.

எப்போது நோய்?

அருவருப்பு எல்லாருக்கும் உண்டு. எல்லாரும் நோயாளிகள் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1994-இல் ‘குறிப்பிட்ட அச்சக் கோளாறு’ என்ற பெயரின் கீழ் விலங்கு, பூச்சி பற்றியவற்றைத் தனிவகையாக்கியது. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, பயம் பொதுவாக ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும்; கடும் வேதனை தர வேண்டும் அல்லது அன்றாட வாழ்வைக் கெடுக்க வேண்டும். ‘என் பயம் மிகையானது’ என்று நோயாளியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற பழைய நிபந்தனை அப்போது நீக்கப்பட்டது. தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்று உறுதியாக நம்பும் நிலை இதில் சேராது. ஸ்வீடன் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் 1938-இல் விவரித்த அந்த நிலை மருட்சி. அதற்கு மருத்துவம் வேறு.

பயம் வாழ்வை எப்படிச் சுருக்குகிறது என்பதை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹன்டர் ஹாஃப்மன் குழு 1997-இல் பதிவுசெய்த ஒரு பெண்ணிடம் பார்க்கலாம். அவருக்குப் பயம் எட்டுக்கால் பூச்சியிடம். வகைப்பாட்டில் சிலந்தி பூச்சியினம் அல்ல; சிகிச்சை ஆய்வுகள் மிகுதியாக நடந்திருப்பது அதை வைத்துத்தான். அந்தப் பெண் வழக்கமாகக் காருக்குள் மருந்தடித்தார், இரவில் படுக்கையறை ஜன்னலை டேப் ஒட்டி மூடினார், துவைத்த துணிகளை பிளாஸ்டிக் பைகளில் அடைத்து வைத்தார். ஒவ்வொரு தற்காப்பும் அன்றைக்கு நிம்மதி தந்தது. ‘மூடியதால்தான் தப்பித்தேன்’ என்ற நம்பிக்கையையும் சேர்த்தே வளர்த்தது. பயத்தின் ஆயுள் நீள்வது தவிர்ப்பினால்தான். மெய்நிகர் சிலந்தியோடு வாரம் ஒரு மணி நேரம் வீதம் 12 அமர்வுகளுக்குப் பிறகு அவர் அந்தச் சடங்குகளிலிருந்து மீண்டார்.

மூன்று மணி நேரம்

ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் இதற்கு முன்பே, 1989-இல், காலஅளவை இதைவிடவும் சுருக்கியிருந்தார்: ஒரே அமர்வு, அதிகபட்சம் மூன்று மணி நேரம். சிலந்தி ஒரு பாத்திரத்தில் இருக்கும். அதன்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகித் தூக்குவதைச் சிகிச்சையாளர் முதலில் செய்துகாட்டுவார். பிறகு நோயாளி செய்வார். எந்தப் படியிலும் வற்புறுத்தல் இல்லை, திடீர் அதிர்ச்சியும் இல்லை. ‘நேரே என் முகத்துக்கு ஓடிவரும்’ என்று நோயாளி நம்புவது நடக்கிறதா என்று ஒவ்வொரு படியிலும் இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். 1991-இல் ஓஸ்ட் குழு வெளியிட்ட ஒப்பீட்டில், சிகிச்சையாளர் துணையோடு செய்தவர்களில் 71 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவு தேறினர். கையேட்டை வைத்துத் தாமாக முயன்றவர்களில் தேறியவர்கள் 6 விழுக்காடு மட்டுமே.

மாத்திரையும் களத்துக்கு வந்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் மரீக்கே சூட்டரும் மெரல் கிண்ட்டும், சிலந்திக்குப் பயப்படும் 45 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவினர் டரான்டுலாச் சிலந்தியின் முன் இரண்டு நிமிடம் நின்றபின் 40 மில்லிகிராம் ப்ராப்ரனலால் எடுத்துக்கொண்டார்கள்; 2015-இல் வெளியான முடிவின்படி, அவர்களுடைய தவிர்ப்பு சட்டென்று குறைந்து ஓராண்டு வரை நிலைத்தது. சிலந்தி முன் நிற்காமல் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. இங்கும் நெருங்குவதைத் தவிர்க்க முடியவில்லை.

கரப்பானுக்கென்றே ஓர் ஏற்பாட்டை உருவாக்கியவர்கள் ஸ்பெயினின் காஸ்டெயோன் நகரிலுள்ள ஜௌமே I பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா போடேயா குழுவினர். நோயாளி தலையில் கேமரா பொருத்திய கருவியை மாட்டிக்கொண்டால், தன் எதிரே இருக்கும் நிஜ மேசையும் தன் கையும் தெரியும். அவற்றின்மேல் கணினி வரைந்த கரப்பான்கள் ஊரும். எண்ணிக்கையை, அளவை, அசைவைச் சிகிச்சையாளர் கூட்டிக் குறைக்கலாம். 2005-இல் ஒருவரிடம் தொடங்கிய இந்த முறையை 2010-இல் ஆறு பெண்களிடம் சோதித்தார்கள். அமர்வுக்குப் பிறகு அவர்களால் நிஜக் கரப்பானை நெருங்க முடிந்தது; ஓராண்டு கழித்தும் பலன் நீடித்தது. அமர்வில் அவர்கள் கற்ற பாடங்களில் கரப்பானைக் கொன்று குப்பையில் போடுவதும் ஒன்று. லாக் தவளையைக் கையில் எடுக்கச் சொன்னார். காஸ்டெயோன் குழு கரப்பான்மேல் யாரையும் பிரியம் கொள்ளச் சொல்லவில்லை. எந்த வீட்டுக்காரரும் முகம் சுளித்துக்கொண்டே செய்கிற வேலையை இவர்களும் செய்தால் போதும் என்று நிறுத்திக்கொண்டது.