மருந்து தரும் மரபணு மாற்றப் பயிர்கள்: விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

கண்வலிக்கிழங்கு, நித்தியகல்யாணி போன்றவற்றை நாம் மருந்துக்காகச் சாகுபடி செய்கிறோம். அவற்றில் உள்ள மருந்துப் பொருள் செடியில் இயற்கையாகவே உருவாவது. மரபணு மாற்ற மருந்துப் பயிர் வேறு. செடியில் இல்லாத ஒரு மருந்துப் புரதத்தை அந்தச் செடியிலேயே உற்பத்தியாக வைப்பதுதான் இம்முறை.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

புரதத்துக்குரிய மரபணுவை, பெரும்பாலும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவின் உதவியால், செடியின் செல்லுக்குள் செலுத்துகிறார்கள். செல் அந்தப் புரதத்தை உருவாக்கும். பின்னர் அதைப் பிரித்தெடுத்து, சுத்திகரித்து மருந்தாக்குகிறார்கள்.

இஸ்ரேலின் புரோட்டாலிக்ஸ் நிறுவனம் கேரட் செல்களில் தயாரித்த, கௌச்சர் என்ற பரம்பரை நோய்க்கான மருந்துக்கு 2012இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. கனடாவின் மெடிகாகோ நிறுவனம் புகையிலை இனச் செடியில் தயாரித்த கோவிட் தடுப்பூசிக்கு 2022இல் அந்நாடு அனுமதி தந்தது. ஆனால் மறு ஆண்டே அந்த நிறுவனம் மூடப்பட்டது.

இந்த இரண்டுமே திறந்த வயலில் விளைந்தவை அல்ல. கேரட் செல்கள் மூடிய பைகளிலும், புகையிலைச் செடிகள் பசுமைக்குடிலிலும் வளர்க்கப்பட்டன.

வயலில் பயிரிட்டால் என்ன ஆபத்து?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் புரோடிஜீன் நிறுவனத்தின் மருந்து மக்காச்சோளம் 2001இல் சோதனையாகப் பயிரிடப்பட்டது. மறு ஆண்டு அதே நிலத்தில் சோயாபீன்ஸ் போட்டார்கள். முந்தைய பயிரில் சிந்திய மணிகள் தானாக முளைத்தன. அவற்றை முழுமையாகப் பிடுங்காமல் அறுவடை செய்ததால், கிடங்கிலிருந்த சுமார் 5 லட்சம் புஷல் (ஏறத்தாழ 13,600 டன்) சோயாபீன்ஸை அரசு முடக்கியது. நிறுவனத்துக்கு 2.5 லட்சம் டாலர் அபராதமும், அதைவிடப் பல மடங்கு துப்புரவுச் செலவும் ஏற்பட்டன.

அதே ஆண்டு அயோவா மாநிலத்தில், மகரந்தம் பரவியிருக்கலாம் என்ற ஐயத்தால் 155 ஏக்கர் மக்காச்சோளம் அழிக்கப்பட்டது. மக்காச்சோள மகரந்தம் காற்றில் பரவக்கூடியது. வரப்பு அதைத் தடுக்காது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• இந்தியாவில் வணிகச் சாகுபடியில் உள்ள மரபணு மாற்றப் பயிர் பி.டி. பருத்தி மட்டுமே (2002 முதல்). மருந்துப் பயிர் விதை என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

• சோதனைக்கு நிலம் கேட்டால், மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.

• அடுத்த போகத்தில் என்ன பயிர் போடலாம், தானாக முளைப்பதை யார் அகற்றுவது, பக்கத்து வயல் விளைச்சல் பாதிக்கப்பட்டால் யார் இழப்பீடு தருவது என்பதை எழுத்தில் பெறுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

• அத்தகைய பயிரின் விதையை எடுத்து வைக்கவோ, தட்டையை மாட்டுக்குப் போடவோ கூடாது.

மருந்து எத்தனை நல்லதானாலும் அது உணவு தானியத்தில் கலக்கக் கூடாது. கலந்துவிட்டால் விலை போகாமல் நிற்பது நம் விளைச்சல்தான்.