வடதுருவ வானம் யாருக்குச் சொந்தம்?

விஞ்ஞான சாதனைகளைப் பேசும் நூல்கள் 1972ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தைத் தவறாது குறிப்பிடுகின்றன. ஒரு நாடு தன் உள்நாட்டுச் செய்தித் தொடர்புக்கென்றே புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிறுத்திய முதலாவது செய்மதி அம்மாதத்திலேதான் ஏவப்பட்டது. அந்நாடு கனடா. செய்மதியின் பெயர் 'அனிக்'. வடதுருவத்தை அண்டி வாழும் இனுவிற் மக்களின் மொழியில் அச்சொல்லுக்குச் சகோதரன் என்பது பொருள். பெயர் அவர்களுடையது, கட்டியதோ கலிபோர்னியாவிலுள்ள ஒரு கம்பனி, ஏவிய இடம் புளோரிடா, ஆட்சி செலுத்தியது ஒட்டாவா. இந்தச் சகோதரன் எம்மொழியில் பேசவேண்டும், யாருடைய கதையைச் சொல்லவேண்டும் என்று அந்த மக்களிடம் கேட்டவர் இல்லை. செய்மதியின் பொறிநுட்ப வரலாறு பலராலும் எழுதப்பட்டுவிட்டது. அதனை ஆள்வதற்கு ஏற்பட்ட சட்டங்களினதும், ஆணைக்குழுக்களினதும், அவற்றின் முன்னே சென்று வாதாடிய மக்களினதும் வரலாற்றையே நாம் இங்கு நோக்க விரும்புகிறோம்.

இனுவிற் என்றால் நம்மில் பலருக்கு விளங்காது. 'எஸ்கிமோக்கள்' என்று நமது பள்ளிக்கூடப் பூமிசாத்திர நூல்கள் ஒரு காலத்தில் கற்பித்தவர்களே அவர்கள். அது பிறர் இட்ட பெயர். தம்மை அவர்கள் இனுவிற், அதாவது மனிதர், என்றே அழைப்பர். அவர்களுடைய ஊர்களை ஒன்றோடொன்று இணைக்கும் தெருக்கள் இல்லை. குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும்; விமானமே கதி. கம்பி இழுக்க முடியாத அந்நிலத்தில் நெடுங்காலம் சிற்றலை வானொலியே செய்தித் தொடர்புக்கு ஆதாரமாயிருந்தது. சிற்றலையோ வானிலுள்ள அயன மண்டலத்தில் பட்டுத் தெறித்து வருவது. வடதுருவ ஒளி தோன்றும் காலங்களில் அம்மண்டலம் குழம்பிவிடும். கண்ணுக்கு அழகாக வானம் ஒளிரும் இரவிலேதான் நோயாளிக்கு வைத்தியரை அழைக்க வழியில்லாமற் போகும். 1962ஆம் ஆண்டு செப்டெம்பரில் கனடா அனுப்பிய 'அலுவெற்' என்ற முதற் செய்மதி இந்த அயன மண்டலத்தை ஆராய்வதற்காகவே சென்றது. சோவியத் யூனியனையும் அமெரிக்காவையும் தவிர்ந்த ஒரு நாடு தானே கட்டிய முதலாவது செய்மதியும் அதுதான்.

அலுவெற்றின் விஞ்ஞானிகளுள் முதன்மையானவரான ஜோன் சப்மன் 1967இல் சமர்ப்பித்த அறிக்கை, இனி விஞ்ஞான ஆராய்ச்சியோடு நில்லாமல் செய்தித் தொடர்புக்கும் செய்மதிகளைப் பயன்படுத்தவேண்டும் என்றது. அடுத்த ஆண்டு வெள்ளை அறிக்கை. 1969இல் பாராளுமன்றச் சட்டம். அச்சட்டத்தின் வழி அரசாங்கமும் தொலைபேசிக் கம்பனிகளும் பங்குதாரராக அமைந்த 'ரெலிசாற் கனடா' என்ற கூட்டுத்தாபனம். இவ்வளவு வேகம் எதற்காக? வடக்கிலுள்ள மக்களின் நலன் என்று மேடைகளிற் சொல்லப்பட்டது உண்மையே. ஆனால் அதே 1969இல் 'மன்ஹாற்றன்' என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல் வடமேற்குக் கடல்வழியை ஊடறுத்துச் சென்றமை ஒட்டாவாவைக் கலக்கியது. ஆளில்லாத நிலம் என்று எவரும் கூறிவிடாதபடி அங்கே தன் குரல் கேட்கவேண்டும் என்பது அரசின் கவலை. 1953இலும் 1955இலும் இனுவிற் குடும்பங்கள் சிலவற்றைத் தெற்கிலிருந்து பிடுங்கி, பனிப்பாலைவனமான உயர் வடதுருவத் தீவுகளிற் கொண்டுபோய்க் குடியேற்றிய அரசும் இதுவே. அச்செயலுக்கு அது பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க 2010 வரை சென்றது. செய்மதியின் வரலாற்றை இப்பின்னணியிலிருந்து பிரித்துப் பார்த்தல் தவறாகும்.

1973இல் அனிக் வேலை தொடங்கியது. தொலைபேசி வந்தது. அதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அது உயிர்களைக் காத்தது. ஆயின் அதனோடு கூடத் தொலைக்காட்சியும் வந்தது. 1974இல் கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஐந்நூறு பேருக்கு மேற்பட்ட ஊர்களுக்கெல்லாம் தன் சேவையை விரிக்கும் திட்டத்தை அறிவித்தது. ஒலிபரப்பு நிலையங்களுக்கும் அலைவாங்கிகளுக்கும் பணம் இருந்தது. வடக்கின் மொழியில் நிகழ்ச்சி தயாரிப்பதற்குத்தான் பணம் இல்லை! ஆங்கிலமும் நகர வாழ்வும் விளம்பரமும் ஒரு பக்கமாகக் கொட்டப்பட்டன. இனுக்திதூற் மொழியிலே கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பெட்டியின் முன்னே மௌனமாக அமர்ந்தனர். இந்தத் தொலைக்காட்சியை நியூத்திரன் குண்டுக்கு ஒப்பிட்டார், பின்னர் இனுவிற் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தலைவியாயிருந்த றோஸ்மேரி குப்தானா. உடலை விட்டுவைத்து உயிரை மாத்திரம் அழிக்கும் ஆயுதம் என்பதே அவர் கருத்து. மிகையெனச் சிலர் கூறக்கூடும். தம் மொழியைப் பள்ளிக்கூடத்திற் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு தலைமுறையின் கூற்று அது என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு கூறார்.

இவ்விடத்தில் இக்லூலிக் என்னும் ஒரு சிற்றூரின் செயல் நம் கவனத்திற்குரியது. 1975இல் அவ்வூரார் கூடி, தொலைக்காட்சி வேண்டுமா என வாக்கெடுத்தனர். வேண்டாம் என முடிவு செய்தனர். 1979இல் மீண்டும் கேட்கப்பட்டது. மீண்டும் வேண்டாம் என்றனர். தெற்கிலிருந்த பத்திரிகைகளுக்கு இது வேடிக்கையாக இருந்திருக்கலாம். பழமைக்கு அடிமைப்பட்ட மக்கள் விஞ்ஞானத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்று எண்ணுவது எளிது. ஆனால் அவர்கள் விஞ்ஞானத்தை மறுக்கவில்லை. தமக்கு மறுமொழி சொல்ல இடந்தராத விஞ்ஞானத்தையே மறுத்தனர். சொந்த மொழியில் நிகழ்ச்சிகள் வரத்தொடங்கியதும், 1980களின் தொடக்கத்தில், அதே ஊர் தொலைக்காட்சியை ஏற்றுக்கொண்டது. எழுத்தறிவு குறைந்தவர்கள் என்று கருதப்பட்ட வேட்டைக்கார மக்கள் இரு தடவைகள் நிதானமாகக் காட்டிய இந்த விவேகத்தை எத்தனை தலைநகரங்கள் காட்டியிருக்கின்றன?

இக்லூலிக்கின் மறுப்பு தனித்து நிற்கவில்லை. 1971இல் தோன்றிய 'இனுவிற் தாபிரிசாற்' என்ற தேசிய அமைப்பு, 1980இல் 'இனுக்சுக்' எனும் பரிசோதனையை நடத்தியது. ஆறு ஊர்கள் செய்மதியால் இணைக்கப்பட்டன. ஓரிடத்திலிருந்து படம் செல்லும். எல்லா ஊர்களிலிருந்தும் குரல் திரும்பிவரும். நிகழ்ச்சியின் தலைமையிடம் அன்று 'புறோபிஷர் குடா' எனப்பட்ட ஊர். (பதினாறாம் நூற்றாண்டில் அங்கு வந்து, தங்கமென எண்ணிப் பயனற்ற கருங்கல்லைக் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு ஏற்றிச்சென்ற ஒரு மாலுமியின் பெயர் அது. 1987இல் ஊர் தன் சொந்தப் பெயரான இக்கலுயிற்றை மீட்டுக்கொண்டது.) சாதாரண இனுவிற் இளைஞர்கள் படக்கருவிகளை இயக்கக் கற்றனர்; வேட்டைக்காரர் ஓரூரிலிருந்து மற்றோரூருடன் விவாதித்தனர். இம்மக்களால் முடியாது என்ற வாதம் அத்துடன் விழுந்தது.

ஒழுங்குபடுத்தும் பொறுப்பு, 1968இல் நிறுவப்பட்டு 1976இலிருந்து தொலைத்தொடர்பையும் கவனித்துவந்த கனடிய வானொலி தொலைக்காட்சி தொலைத்தொடர்பு ஆணைக்குழுவினுடையது. வடக்கிற்கும் தொலைப்பகுதிகளுக்கும் சேவையை விரிப்பதுபற்றி ஆராய 1980இல் அது அமைத்த குழுவில் ஓர் இனுவிற் உறுப்பினரும் இருந்தார்; ஜோன் அமகோவாலிக், நூனவுற்றின் தந்தை எனப் பிற்காலத்திற் போற்றப்பட்டவர். தெரியன் அறிக்கை என வழங்கும் அக்குழுவின் அறிக்கை, சுதேச மக்கள் தம் மொழியையும் பண்பாட்டையும் பேணுவதற்கு ஒலிபரப்பைப் பயன்படுத்த வழிசெய்வது அரசின் கடமை என்றது. அடுத்த ஆண்டே இனுவிற் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திற்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. 1983இல் வட பிரதேச ஒலிபரப்புக் கொள்கையும், பதின்மூன்று சுதேச அமைப்புகளுக்கு நான்கு ஆண்டுகளில் நான்கு கோடி டொலர் வரை வழங்கும் மானியத் திட்டமும் வந்தன.

அனுமதிப்பத்திரம் வேறு, அலைவரிசை வேறு. செய்மதி அலைவரிசை கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தபடியால் இனுவிற் நிகழ்ச்சிகளுக்கு நள்ளிரவை அண்டிய வேளைகளே ஒதுக்கப்பட்டன. பிள்ளைகள் தூங்கியபின் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி! 1990இல் வரவு செலவுத் திட்டம் மானியத்தையும் வெட்டியது. சுதேசப் பத்திரிகைகளைத் தாங்கிநின்ற உதவித் திட்டம் முற்றாக நிறுத்தப்பட்டது. 1992 சனவரியிலேதான் சுதேச ஒலிபரப்பாளர் கூட்டாக நடத்திய வட கனடாத் தொலைக்காட்சி தனக்கென ஓர் அலைவரிசையுடன் பேசத் தொடங்கியது. 1999இல் அதுவே நாடு தழுவிய சுதேச மக்கள் தொலைக்காட்சியாக வளர்ந்தது. அதனை அடிப்படைச் சேவையாக எல்லா வீடுகளுக்கும் கொண்டுசெல்லவேண்டும், ஒவ்வொரு சந்தாதாரரும் மாதம் 15 சதம் அதற்குச் செலுத்தவேண்டும் என்று ஆணைக்குழு கட்டளையிட்டது. கேபிள் கம்பனிகள் இதை எதிர்த்தன என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இக்லூலிக்கைச் சேர்ந்த சக்கரியாஸ் குனுக் என்ற சிற்பி 1981இல் மொன்றியலுக்குச் சென்று தன் கற்சிற்பங்களை விற்று ஒரு வீடியோக் கருவியை வாங்கி வந்தார். ஊரில் அப்போது தொலைக்காட்சியே இல்லை. இனுவிற் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திற் பணிபுரிந்து, பின் தனியே தயாரிப்பில் இறங்கிய இவரது 'அத்தனார்யுவாற்' என்ற இனுக்திதூற் திரைப்படம் 2001இல் கான் விழாவில் முதற்பட இயக்குநருக்கான பரிசைப் பெற்றது. வேண்டாம் என்று சொன்ன ஊரிலிருந்துதான் இது வந்தது.

இதுவரை நாம் சொன்னது ஒரு பாதியே. தொலைபேசியினதும் பின்னர் இணையத்தினதும் கதை மறுபாதி. அது மொழியைப் பற்றியதன்று, விலையைப் பற்றியது. 1977இல் ரெலிசாற், பெரிய தொலைபேசிக் கம்பனிகளின் கூட்டணியில் இணைய அனுமதி கேட்டது. அவ்விணைப்பு பொதுநலனுக்கு உகந்ததன்று, செய்மதியின் சுதந்திரம் பறிபோகும் என்று கூறி ஆணைக்குழு ஓகஸ்ட் மாதத்தில் மறுத்தது. நவம்பரில் மந்திரிசபை அத்தீர்ப்பை மாற்றி இணைப்பை அனுமதித்தது. பகிரங்க விசாரணையில் வென்ற நியாயம் மூடிய அறையில் மூன்று மாதங்களுக்குள் தோற்றது. கம்பிவழித் தொலைபேசியில் பெருமுதலிட்ட கம்பனிகளே தமக்குப் போட்டியாகக்கூடிய செய்மதியின் போக்கையும் நிர்ணயிக்கும் நிலை உண்டாயிற்று. 1992இல் அரசு தன் பங்குகளை விற்றது. 2000ஆம் ஆண்டில் ஏகபோக உரிமை சட்டப்படி முடிந்தது. போட்டி வந்தால் விலை குறையும் என்றனர். சில நூறு குடும்பங்கள் மட்டும் வாழும் ஊருக்குப் போட்டியிட்டு வருவோர் எவர்? வடக்கின் தொலைபேசிச் சேவை 'நோர்த்வெஸ்ரெல்' என்ற ஒரே கம்பனியின் கையிலேயே பெரும்பாலும் இருந்தது. அதுவும் பெல் குடும்பத்தைச் சேர்ந்ததே.

2011ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆந் திகதி இந்த அமைப்பின் உண்மை உருவம் வெளிப்பட்டது. அனிக் வரிசையைச் சேர்ந்த ஒரு செய்மதி, பூமியை நோக்கியிருக்கவேண்டியது, சூரியனை நோக்கித் திரும்பிவிட்டது. நூனவுற்றின் இருபத்தைந்து ஊர்களும் செய்மதியையே நம்பியிருந்தவை. தொலைதூரத் தொலைபேசி இல்லை, இணையம் இல்லை, விமானங்கள் தரையில் நின்றன. ஒரு நாளின் பெரும்பகுதி வட கனடாவின் பல ஊர்கள் வெளியுலகுடன் பேசமுடியாது கிடந்தன. அதே ஆண்டு டிசம்பரில் ஆணைக்குழு நோர்த்வெஸ்ரெல் தன் வலையமைப்பில் போதிய முதலீடு செய்யவில்லை எனக் கண்டித்து, புதுப்பிக்கும் திட்டத்தைச் சமர்ப்பிக்குமாறு பணித்தது. இலாபம் ஆண்டுதோறும் தெற்கே சென்றது. பழைய கருவிகள் வடக்கிலே நின்றன. 2014இல் செய்மதிச் சேவைபற்றித் தனி விசாரணை அறிக்கை ஒன்று வெளியாயிற்று. 2016 டிசம்பரில் அகலப்பட்டை இணையமும் அடிப்படைச் சேவையே என ஆணைக்குழு பிரகடனஞ் செய்து, செக்கனுக்கு 50 மெகாபிற் வேகம் எல்லாக் குடிமக்களுக்கும் வேண்டும் என இலக்கு வகுத்தது. அத்தகைய வேகம் அன்று செய்மதி ஊர்களுக்குக் கனவாகவே இருந்தது. முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர் உயரத்துச் செய்மதிக்குச் சென்று திரும்பும் ஒவ்வொரு சொல்லும் கால் செக்கன் தாமதிக்கும், கட்டணமோ தாமதியாது.

நட்சத்திரக் கூட்டம்போல் தாழப் பறக்கும் சிறு செய்மதிகள் இப்போது அந்நிலையை மாற்றியுள்ளன. ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் 'ஸ்ரார்லிங்க்' செய்மதிகள், பெரும் கம்பனிகள் தசாப்தங்களாகக் கொடுக்காத வேகத்தை வடதுருவ வீடுகளுக்குக் கொடுத்தன. மக்கள் அதை விரும்பி வாங்கினர். அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. 2020 ஒக்டோபரில் அமெரிக்கக் கம்பனிக்கு ஆணைக்குழு சர்வதேசத் தொலைத்தொடர்பு அனுமதிப்பத்திரத்தை வழங்கியது. வீட்டுக்காரர் செலுத்தும் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அப்பத்திரத்தில் இல்லை. எம்மொழியில் வாடிக்கையாளருக்கு விடையளிக்கவேண்டும் என்ற கேள்வியும் இல்லை. ஆக, நாற்பதாண்டு விசாரணைகளில் அங்குலம் அங்குலமாக இனுவிற் மக்கள் வென்றெடுத்த மேற்பார்வை, புதிய செய்மதியின் வாசலில் வந்து நின்றுவிட்டது.

ஆணைக்குழு சும்மா இருக்கவில்லை. 2023 ஏப்பிரிலில் வைற்ஹோர்ஸ் நகரில் பகிரங்க விசாரணை நடந்தது. நூனவுற்றின் தலைநகருக்கு அவ்விடம் மூவாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. வடக்கு என்பது ஒரே ஊர் என்ற எண்ணம் ஒட்டாவாவில் இன்னும் தேயவில்லைபோலும். 2025 சனவரியில் வெளியான தீர்ப்பு, உயர் வடக்கின் இணையக் கட்டணத்தைக் குறைக்க ஒரு மானியத்தை ஏற்படுத்தியது. சேவை இருபத்துநான்கு மணி நேரத்திற்கு மேல் தடைப்பட்டால் நோர்த்வெஸ்ரெல் வாடிக்கையாளர் கேளாமலே அவருக்குப் பணத்தைக் கழித்துக் கொடுக்கவேண்டும் என்றும் விதித்தது.

அதற்கு இரண்டு மாதங்களின் பின், அமெரிக்கா விதித்த இறக்குமதி வரிகளுக்குப் பதிலடியாக, ஒன்ராறியோ மாகாண அரசு ஸ்ரார்லிங்க்குடன் செய்திருந்த பத்துக் கோடி டொலர் ஒப்பந்தத்தை இரத்துச் செய்வதாக அறிவித்தது. அமெரிக்கச் சனாதிபதிக்கும் அக்கம்பனியின் முதலாளிக்குமிடையே அன்றிருந்த நெருக்கம் யாவரும் அறிந்தது. மாகாணத்தின் கோபத்தை நாம் பிழையென்று சொல்லமாட்டோம். ஆனால் அவ்வொப்பந்தம் மாகாணத்தின் வடக்கிலும் நாட்டுப்புறங்களிலும் உள்ள பதினையாயிரம் வீடுகளுக்கு இணையம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அவ்வீடுகளில் உள்ளவர்களிடம் எவரும் வாக்கெடுக்கவில்லை.