மேலறை நடுக்கம்: சிகிச்சையும் உணவும்

இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒருசேரச் சுருங்காமல் தாறுமாறாக நடுங்குவதால் நாடித்துடிப்பு ஒழுங்கிழக்கும் கோளாறே மேலறை நடுக்கம். மருத்துவர்கள் இதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றும் சுருக்கமாக ஏ.எஃப். என்றும் சொல்வார்கள். நீடித்த துடிப்புக் கோளாறுகளில் மிகப் பரவலானது இதுதான். இதற்கு நெருங்கிய உறவான ஏட்ரியல் ஃப்ளட்டரையும் சேர்த்து, 2019இல் உலகில் சுமார் 6 கோடிப் பேர் இதனுடன் வாழ்ந்ததாகக் கணக்கிடப்பட்டது. வயது ஏற ஏற இது வரும் வாய்ப்பும் கூடுகிறது.

நடுக்கமே நேரடியாக உயிரைப் பறிப்பது அரிது. நின்று தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்குவதே இதன் பெரிய ஆபத்து. ஆகவே சிகிச்சையில் முதலிடம் பக்கவாதத் தடுப்புக்கு. துடிப்பைக் கட்டுப்படுத்துவது அடுத்தது. உணவும் வாழ்க்கைமுறையும் இவ்விரண்டுக்கும் வலுவான துணை. இவற்றுக்கு மாற்று அல்ல.

இதயத்துக்குள் நடப்பது

வலது மேலறையில் உள்ள சைனஸ் முடிச்சு எழுப்பும் மின்தூண்டல்தான் இதயத்தைத் துடிக்க வைக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு இயல்பு. மேலறை நடுக்கத்தில் இந்த ஒற்றைத் தலைமை குலைகிறது. நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்னலைகள் மேலறைத் தசையில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே உள்ள ஏ.வி. முடிச்சு இவற்றில் பெரும்பகுதியை வடிகட்டிவிட்டாலும், எஞ்சியவை ஒழுங்கான கால இடைவெளி எதுவுமின்றிக் கீழறைகளை எட்டுகின்றன. மருந்தில்லாதபோது நாடி நிமிடத்துக்கு 100 முதல் 170 வரை போவது இதனால்தான்.

இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு பை இருக்கிறது. மேலறை சுருங்காதபோது இந்தப் பையில் ரத்தம் தேங்குகிறது. வால்வு நோய் இல்லாத மேலறை நடுக்க நோயாளிகளின் இடது மேலறையில் காணப்படும் ரத்தக்கட்டிகளில் பத்தில் ஒன்பது இங்கேதான் உருவாகின்றன. கட்டி பெயர்ந்தால் பெருந்தமனி வழியாக நேரே மூளைக்குப் போகலாம். மேலறை நடுக்கம் பக்கவாத வாய்ப்பை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது என்பதை அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1991இல் காட்டியது.

அறிகுறிகளும் கண்டறிதலும்

படபடப்பு, மூச்சிரைப்பு, காரணமில்லாத அசதி, தலைச்சுற்றல், மாடிப்படி ஏறும்போது திடீரெனத் தளர்ச்சி ஆகியவை வழக்கமான அறிகுறிகள். பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்ந்த பிறகே கோளாறு தெரியவரும்.

வீட்டிலேயே நாடி பார்க்கலாம். ஐந்து நிமிடம் அமர்ந்து ஓய்வெடுத்தபின், கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டு மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதும் எண்ண வேண்டும். எப்போதாவது ஒரு துடிப்பு தவறுவது பலருக்கும் உண்டு. துடிப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒன்றுபோல் ஒன்று இல்லாமலும், சில துடிப்பு பலமாகவும் சில மெலிதாகவும் இருந்தால் இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது அவசியம். இ.சி.ஜி.யில் மேலறைச் சுருக்கத்தைக் காட்டும் பி அலை மறைந்து, துடிப்பு இடைவெளிகள் ஒழுங்கற்றிருப்பதே நோயின் அடையாளம்.

நடுக்கம் வந்துவந்து போனால் ஒரு முறை எடுக்கும் இ.சி.ஜி.யில் சிக்காமல் போகலாம். அப்போது 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடலில் கட்டியிருக்கும் ஹோல்டர் கருவி உதவும். ஸ்மார்ட் கடிகாரம் எச்சரித்தாலும் மருத்துவர் இ.சி.ஜி. பதிவைப் பார்த்துத்தான் உறுதிசெய்வார். கூடவே எக்கோ எனப்படும் இதய அல்ட்ராசவுண்ட், தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு, பொட்டாசியம் ஆகிய பரிசோதனைகளும் நடக்கும்.

ஏழு நாளுக்குள் தானாக அடங்குவது விட்டுவிட்டு வரும் வகை. அதற்கு மேல் நீடிப்பது தொடர் வகை. இனி ஒழுங்குத் துடிப்புக்கு முயல்வதில்லை என நோயாளியும் மருத்துவரும் முடிவெடுத்தால் அது நிரந்தர வகை.

காரணங்கள்

உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடல் பருமன், இதயச் செயலிழப்பு, மாரடைப்பு, தைராய்டு மிகைச்சுரப்பு, தூக்கத்தில் மூச்சுத்தடை, மது ஆகியவை முக்கியக் காரணங்கள்.

இந்தியாவில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சிறுவயதில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ரூமாட்டிக் காய்ச்சல் இதய வால்வுகளைப் பழுதாக்குகிறது. மைட்ரல் வால்வு சுருங்கினால் மேலறை விரிந்து நடுங்கத் தொடங்குகிறது. 46 நாடுகளில் 15,400 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், மேலறை நடுக்கம் உள்ளவர்களில் ரூமாட்டிக் வால்வு நோய் இருந்தவர்கள் வட அமெரிக்காவில் சுமார் 2 விழுக்காடு. இந்தியாவில் சுமார் 32 விழுக்காடு. எந்த மாத்திரை பொருந்தும் என்பதையே மாற்றிவிடும் வேறுபாடு இது.

பக்கவாதத் தடுப்பு

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து யாருக்குத் தேவை என்பதை முடிவுசெய்ய ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. இதயச் செயலிழப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், ரத்தநாள நோய், 65 முதல் 74 வரையான வயது ஆகியவற்றுக்குத் தலா 1. 75 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுக்கும், முன்பு வந்த பக்கவாதத்துக்கும் தலா 2. முன்பு பெண் என்பதற்கும் ஒரு மதிப்பெண் சேர்க்கப்பட்டது; 2024ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டல் அதை நீக்கிவிட்டது. மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. 1 இருந்தால் கலந்து பேசி முடிவெடுக்கலாம். நடுக்கம் வந்துவந்து போகும் வகையா, நிரந்தர வகையா என்பது இந்தக் கணக்கில் வராது. படபடப்பு நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்தாவதும் இதனால்தான்.

நெடுங்காலம் கையில் இருந்த மருந்து வார்ஃபரின். பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து இறந்ததை ஆராய்ந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் பால் லிங்க் குழுவின் உழைப்பில் பிறந்தது இது. 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதர்களுக்கு அனுமதி பெற்றது. பக்கவாதத்தை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைக்கும். ஆனால் ஐ.என்.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனை அளவு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. முன்சொன்ன 46 நாடுகளின் ஆய்வில், இந்திய நோயாளிகள் இந்தச் சரியான எல்லைக்குள் இருந்த காலம் மூன்றில் ஒரு பங்குதான்.

டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான், எடோக்சபான் ஆகிய புதிய மருந்துகளின் பெரிய ஆய்வுகள் 2009க்கும் 2013க்கும் இடையே வெளிவந்தன. வார்ஃபரினோடு ஒப்பிட்டால் மண்டைக்குள் ரத்தக்கசிவு இவற்றால் ஏறக்குறையப் பாதியாகிறது, அடிக்கடி ஐ.என்.ஆர். பார்க்கவும் வேண்டாம். அதனால் பெரும்பாலோருக்கு இவையே முதல் தேர்வு. ஆனால் மிதமான அல்லது கடுமையான மைட்ரல் வால்வுச் சுருக்கம் உள்ளவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இவை பொருந்தா. ரூமாட்டிக் வால்வு நோயாளிகளிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வில் ரிவரோக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களே குறைவாக இறந்தார்கள் என்பது 2022இல் தெரியவந்தது. எக்கோ பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையைக் கேட்டு வாங்குவது இதனால்தான் தவறு.

ஆஸ்பிரின் இந்த இடத்தை நிரப்பாது. இதன் பலன் குறைவு. முதியவர்களிடம் ரத்தக்கசிவு ஆபத்தும் சிறிதல்ல. ரத்த உறைவுத் தடுப்பு மருந்தே எடுக்க முடியாதவர்களுக்கு, மேலறைப் பையின் வாயைச் சிறு கருவியால் அடைக்கும் சிகிச்சை உண்டு.

வேகக் கட்டுப்பாடும் ஒழுங்குக் கட்டுப்பாடும்

நடுக்கத்தை இருக்கவிட்டு, நாடி வேகத்தை மட்டும் அடக்குவது ஒரு வழி. பீட்டா பிளாக்கர், டில்டியாசம், வெராபமில், டிகாக்சின் ஆகியவை இதற்கு உதவும். டிகாக்சினின் மூலம் ஃபாக்ஸ்குளோவ் செடி. அதன் பயனை இங்கிலாந்தின் வில்லியம் விதரிங் 1785இல் எழுதிவைத்தார். ஓய்வில் நாடி 110க்குக் கீழே இருந்தாலே பலருக்குப் போதும்.

துடிப்பை மீண்டும் ஒழுங்குக்குக் கொண்டுவருவது மற்றொரு வழி. அமியோடரோன், ஃப்ளெகெனைட் போன்ற மருந்துகள், மயக்கம் கொடுத்துச் செய்யும் மின்னதிர்ச்சி, கதீட்டர் அப்லேஷன் ஆகியவை இதில் அடங்கும். நடுக்கம் தொடங்கி இரண்டு நாளுக்கு மேலாகிவிட்டால், மின்னதிர்ச்சிக்கு முன் மூன்று வாரமாவது உறைவுத் தடுப்பு மருந்து எடுத்திருக்க வேண்டும், அல்லது மேலறையில் கட்டி இல்லை என்று உணவுக்குழாய் வழி எக்கோவில் பார்த்திருக்க வேண்டும். பிறகு நான்கு வாரமாவது மருந்து தொடர வேண்டும்.

நடுக்கத்தைத் தூண்டும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்பதைப் பிரான்சின் போர்தோ நகரைச் சேர்ந்த மிஷேல் ஐசகேர் குழு 1998இல் கண்டது. தொடையின் சிரை வழியே கம்பியைச் செலுத்தி, நுரையீரல் சிரைகளைச் சுற்றித் தழும்பிட்டு மின்னோட்டத்தைத் துண்டிப்பதே அப்லேஷன். வெப்பம், கடுங்குளிர், அண்மையில் வந்த மின்துடிப்பு முறை ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டு இதைச் செய்கிறார்கள்.

எந்த வழி நல்லது? 2002இல் வெளியான அஃபர்ம் ஆய்வில் இரு வழிக்கும் இறப்பில் வேறுபாடு இல்லை. 2020இல் வந்த ஈஸ்ட் ஆய்வோ, நோய் கண்ட ஓராண்டுக்குள் ஒழுங்குக் கட்டுப்பாட்டைத் தொடங்கியவர்களிடம் பக்கவாதமும் இதயநோய் இறப்பும் குறைந்ததைக் காட்டியது. 2019இல் வெளியான கபானா ஆய்வில் அப்லேஷன் ஆயுளைக் கூட்டியதாக நிறுவப்படவில்லை, வாழ்க்கைத்தரத்தை உயர்த்தியது. ஆகவே புதிதாக நோய் கண்டவர், படபடப்பால் அவதிப்படுபவர், இதயச் செயலிழப்பு உள்ளவர் ஆகியோர் ஒழுங்குக் கட்டுப்பாட்டைப் பற்றிக் காலம் தாழ்த்தாமல் கேட்க வேண்டும். அறிகுறியே இல்லாத முதியவருக்கு வேகக் கட்டுப்பாடே போதுமானதாக இருக்கலாம். அப்லேஷன் வெற்றியடைந்தாலும் மதிப்பெண் அதிகமுள்ளவர் உறைவுத் தடுப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

உணவும் மருந்தும்

வார்ஃபரின் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து இயங்குகிறது. முருங்கைக்கீரை, பசலை, கொத்தமல்லி, முட்டைக்கோஸ் ஆகியவற்றில் இந்த வைட்டமின் மிகுதி. அதற்காகக் கீரையை அடியோடு விட்டுவிடச் சொல்வது தவறான அறிவுரை. வாரத்துக்கு இரண்டு நாள் கீரை சாப்பிடுபவர் அதே அளவில் தொடர்ந்தால், அதற்கேற்ப மருத்துவர் மாத்திரை அளவை வைப்பார். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரைப் பொரியல், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாறினால்தான் ஐ.என்.ஆர். ஆட்டம் காணும். புதிய மருந்துகளுக்குக் கீரையால் தடை இல்லை. ஆனால் ரிவரோக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை உணவோடுதான் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது. விரதமோ நோன்போ இருப்பவர்கள் நேரத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

அதிமதுரத்தை அதிகமாக எடுத்தால் பொட்டாசியம் குறையும். டிகாக்சின் சாப்பிடுபவருக்கு இது ஆபத்து. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதானவர்கள் அளவு கேட்டே குடிக்க வேண்டும். மருதம்பட்டைக் கஷாயம் பக்கவாதத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. பூண்டும் மஞ்சளும் சமையலில் சேரும் அளவில் பிரச்சினையில்லை. அவற்றைச் செறிவாக்கிய மாத்திரைகளை மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும்.

இதயத்துக்கு நல்லதென்று வாங்கும் மீன் எண்ணெய் மாத்திரை இங்கே எதிராக வேலை செய்யக்கூடும். ஒமேகா-3 மாத்திரைகள் மேலறை நடுக்க வாய்ப்பைக் கூட்டுவதையும், நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் போனால் வாய்ப்பு இன்னும் ஏறுவதையும் 2021இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. மீனை உணவாகச் சாப்பிடுவதற்கு இந்த அச்சம் பொருந்தாது.

எடை, மது, காபி

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த லெகசி ஆய்வு 2015இல் வெளியானது. உடல் எடையில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்து நிலைநிறுத்தியவர்கள் நடுக்கமின்றி இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடியது. எடை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தவர்களுக்கு அந்தப் பலன் குறைந்தது. சோற்றின் அளவைக் குறைத்துப் பருப்பையும் காய்கறியையும் கூட்டுவது, இனிப்புப் பானங்களை விடுவது, தினமும் நடப்பது ஆகியவை எவரும் தொடங்கக்கூடியவை. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைத்தால் ரத்த அழுத்தம் கட்டுப்படும்.

மதுவில் சமரசம் கூடாது. வழக்கமாக மது அருந்திய 140 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், விடச் சொன்ன பிரிவில் 53 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கும் ஆறு மாதத்தில் நடுக்கம் திரும்பியது. காபியைப் பற்றிய அச்சம் மட்டும் பெரும்பாலும் தேவையற்றது. மின்னதிர்ச்சிக்குப் பின் 200 பேரைப் பின்தொடர்ந்து 2025இல் வெளியான டீகாஃப் ஆய்வில், நாளுக்கு ஒரு காபியாவது குடித்தவர்களுக்கு நடுக்கம் திரும்பியது குறைவாகவே இருந்தது. காபியால் தனக்குப் படபடப்பு வருகிறது என்று உணர்பவர் அதைத் தவிர்க்கலாம்.

குறட்டையோடு மூச்சு நின்றுநின்று வருபவர்கள் தூக்கப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மெக்னீசியம் மாத்திரை எல்லோருக்கும் தேவையில்லை. சிறுநீர் பிரிக்கும் மருந்தால் அது குறைந்தவர்களுக்கே தேவைப்படும்.

முடிவெடுப்பதும் பின்தொடர்வதும்

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நாடி, ரத்த அழுத்தக் குறிப்புகளும், நாட்டு மருந்து உட்படச் சாப்பிடும் எல்லாவற்றின் பட்டியலும் கையில் இருக்கட்டும். என் மதிப்பெண் எவ்வளவு, வால்வு எப்படி இருக்கிறது, எனக்கு எந்த உறைவுத் தடுப்பு மருந்து, ஒழுங்குக் கட்டுப்பாட்டுக்கு நான் ஏற்றவரா ஆகிய நான்கு கேள்விகளைக் கேட்பது நோயாளியின் உரிமை. ஒரு வேளை மாத்திரை தவறினால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. பல் பிடுங்குவதற்கு முன்போ அறுவை சிகிச்சைக்கு முன்போ மருந்தைத் தானாக நிறுத்தாமல் மருத்துவரின் சொல்லைக் கேட்க வேண்டும். அமியோடரோன் எடுப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை தைராய்டு, கல்லீரல் பரிசோதனை தேவை.

முகம் ஒருபுறம் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல் எதுவாயினும் பக்கவாதமாக இருக்கலாம். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம். தானாகச் சரியாகும் என்று காத்திராமல், தமிழ்நாட்டில் 108க்கும் இலங்கையில் 1990க்கும் உடனே அழைத்து, உறைவுத் தடுப்பு மாத்திரையின் பெயரையும் கடைசியாக எடுத்த நேரத்தையும் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், கரும்பிசின் போன்ற மலம், தலையில் அடிபடுதல் ஆகியவற்றுக்கும் அவசர சிகிச்சை தேவை.